கதிர்காமநாதரின் முழங்கால்

இந்தச் சனிக்கிழமை புஷ்பராணியைக் கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று கதிர்காமநாதர் முடிவெடுத்தார். கல்யாணம் கட்டிய நாள் முதல் மனைவியைக் கேட்காமல் அவர் எடுத்த முடிவு இது ஒன்றுதான்.

சந்தேகம் சும்மா வரவில்லை. சனிக்கிழமைதோறும் கோயிலுக்கு என்று சொல்லிப் போகிறாள். திரும்பி வரும்போது நெற்றியில் திருநீறு இல்லை. சப்பாத்தில் மட்டும் கறுப்புத் தூசி. அரிசி வாளிக்குப் பின்னால் புத்தம்புது முதுகுப்பை ஒன்றை ஒளித்து வைத்திருக்கிறாள். ஒளித்தவள் அதன் சிவப்பு வாரை வெளியே தொங்கவிட்டிருக்கிறாள். களவைக்கூட ஒழுங்காகச் செய்யத் தெரியவில்லையே என்று அவருக்கு எரிச்சலாகவும் இருந்தது.

போதாக்குறைக்கு, பல்கனியில் நின்று தொலைபேசியில் குசுகுசுத்தாள்.

"இந்தச் சனி அவர் உச்சி வரைக்கும் வந்திடுவார், பாரன்."

எவன் அவன்?

மாரிகாலத்திலேயே அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது. ஒருநாள் கைத்தொலைபேசியை மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"இஞ்சாருங்கோ, குவாத்தமாலாவாம். ஸ்பெயின்காரன் பிடிச்சு ஆண்ட நேரம் கட்டின ஊர். தெரு முழுக்கக் கல்லுப் பதிச்சிருக்கு. நிலநடுக்கத்திலை இடிஞ்ச தேவாலயம் எல்லாம் அப்பிடியே நிக்குது. பின்னுக்குப் பாருங்கோ, எரிமலை! இப்பவும் நெருப்புக் கக்குதாம்."

"நெருப்புக் கக்கிறதைப் பார்க்க அவ்வளவு தூரம் போகவேணுமே? எனக்கு வீட்டிலையே தெரியுது."

"ஏறுவமே?"

"முழங்கால் ஏலாது."

அந்த முழங்காலுக்கு, அவர்கள் குடியிருக்கும் ஜெர்மனி வீட்டின் மூன்றாம் மாடிக்கு அரிசி மூட்டை தூக்க ஏலாது. உடுப்புத் தோய்க்க நிலவறைக்கு இறங்க ஏலாது. பக்கத்து நகரமான டோர்ட்மண்டுக்குக் காட்ஸ் சீட்டு விளையாடப் போக மட்டும் ஏலும். கொலோனுக்கு அறவே ஏலாது. அங்கேதான் புஷ்பராணியின் தம்பி, மச்சான் ஐங்கரன் இருக்கிறான். தன் மகள் பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்கில் கதிர்காமநாதரைக் கடைசி வரிசையில், குசினிக் கதவோரம் இருத்திய ஐங்கரன். ரோல்ஸ் பலகாரத் தட்டம் அவரிடம் வந்து சேர்ந்தபோது அதில் எண்ணெய் மட்டும்தான் இருந்தது. அந்தப் பிள்ளை இப்போது பல்கலைக்கழகம் போகிறாள். கதிர்காமநாதரின் வாயில் எண்ணெய் ருசி இன்னும் போகவில்லை.

சனிக்கிழமை விடிந்தது.

"எங்கை போறீர்?"

"கோயிலுக்கு."

"மலை ஏறுற சப்பாத்தோடையோ?"

"வாசலிலை கழட்டி வைப்பன்தானே. நீங்கள் முழங்காலை நீட்டிக்கொண்டு படுங்கோ."

கதவு சாத்தியதும் முழங்கால் துள்ளி எழும்பியது. தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு பின்னால் போனார். ட்ராமில் அடுத்த பெட்டி. பழக்கமான வேலைதான். முதல் தடவை ஊருக்கு வெளியே ஒரு கறுப்பு மேட்டில் அவள் பின்னால் ஏறி, பாதியில் மூச்சு முட்டி வழியோரத்து மர வாங்கிலில் விழுந்தார். இன்னொரு சனிக்கிழமை அவள் ஹாட்டிங்கன் பழைய நகரத்துக்குப் போனாள்; இவரும் பின்னால் போனார். கல்லுப் பதித்த சந்து சந்தாக நடந்து, ஒவ்வொரு பழைய வீட்டையும் அண்ணாந்து பார்த்தாள். தனிக்குடித்தனத்துக்கு வீடு தேடுகிறாளோ என்று தேவாலயச் சுவருக்குப் பின்னால் நின்ற கதிர்காமநாதர் கணக்குப் போட்டார். அன்றிரவு அவள் சுட்ட தோசையை வழக்கத்தைவிட மரியாதையாகச் சாப்பிட்டார்.

இன்று மறுபடி அந்த மேடு. இவர்களுடைய ஊரான கெல்சென்கிர்ச்சனின் சுரங்கங்களில் நிலக்கரி தோண்டிய காலத்தில் கழிவைக் கொட்டிக் கொட்டியே மலையாகிப்போன கறுப்பு மேடு. புஷ்பராணி விறுவிறென்று ஏறினாள். அவருக்கு மூச்சு வாங்கும் இடத்தில் எல்லாம் அவளும் நின்று சப்பாத்து வாரைக் கட்டினாள். குற்றம் செய்கிறவளுக்குக் கால் தடுமாறத்தானே செய்யும்?

உச்சியில் ஒரு வாங்கில். அதில் புஷ்பராணி. பக்கத்தில் சுடுதண்ணிப் போத்தல். கோப்பை இரண்டு.

இரண்டு! கதிர்காமநாதர் பற்றையை விலக்கிக்கொண்டு பாய்ந்தார்.

"பிடிச்சிட்டன்! ஆருக்கு அந்த ரெண்டாவது கோப்பை?"

"உங்களுக்குத்தான். இருங்கோ, தேத்தண்ணி ஆறுது."

"எ... எனக்கோ?"

"பின்னை? மாசக்கணக்கா எனக்குப் பின்னாலை ஏறி இறங்கினது ஆர்? கேட்டால் வரமாட்டியள். சந்தேகம் வந்தால் வருவியள் எண்டு தெரியும். ஹாட்டிங்கன் அந்த ஸ்பெயின்காரன்ரை கல்லுத் தெருவுக்குப் பயிற்சி. இது எரிமலைக்கு. முதல் நாள் பாதியிலை விழுந்தியள். இண்டைக்குப் பாருங்கோ, உச்சிக்கே வந்திட்டியள்."

காலடியில் கிடந்த அந்தச் சிவப்பு வார் முதுகுப்பையைத் திறந்தாள். ஒரு சோடி ஆம்பிளைச் சப்பாத்து. அவருடைய அளவு.

"அடுத்த மாசம் பிளேன்."

"ஐயோ! முழங்கால்!" கதிர்காமநாதர் குனிந்து பிடித்துக்கொண்டார்.

"அது இடது. உங்களுக்கு நோகிறது வலது."

கையை மெதுவாக எடுத்தார். நாலாபக்கமும் பார்த்தார். கீழே இறங்குவதைத் தவிர வேறு வழி இல்லை.

"அப்ப பல்கனியிலை ஆரோடை கதைச்சனீர்?"

"தம்பி ஐங்கரனோடை. அவனும் எங்களோடை வாறான். பாவம், அவனுக்கு உண்மையாவே முழங்கால் ஏலாது. எரிமலையிலை அவன்ரை பையையும் நீங்கள்தான் தூக்கவேணும்."