உட்கார்ந்து தின்ற பொறிவண்டும் ஓடி உழைத்த எறும்புகளும்

ஒரு காட்டில், அதுவும் மரத்துக்குப் பஞ்சமே இல்லாத காட்டில், வீட்டுக்குள்ளே தொட்டியில் ஒரு மரம் வைத்துக்கொள்வது பெரிய கௌரவமாகிவிட்டது. கரடி வீட்டுக் கூடத்தில் ரப்பர் மரம். நரி வீட்டில் குட்டி ஆலமரம். வெள்ளையம்மா என்கிற முயலின் வளையில், ஜன்னலோரமாக ஒரு எலுமிச்சை மரம்.

அது அவளுடைய மரம் இல்லை, மாமியாருடையது. சின்ன மருமகளின் பிரசவத்துக்குக் கிளம்பும்போது மாமியார் முயல் வாசலில் நின்று சொன்னாள்:

"இப்பத்தான் முதல்முதலா பூ விட்டிருக்கு. நான் திரும்பி வரப்ப காய் நிக்கணும். புள்ளைங்கள அவங்கப்பன் பாத்துப்பான். நீ மரத்தப் பாரு."

பிள்ளைகளின் அப்பா போனைத் தவிர எதையும் பார்க்கிறவர் இல்லை. அதை யாரிடம் சொல்வது? வெள்ளையம்மா பிள்ளைகளையும் பார்த்தாள், மரத்தையும் பார்த்தாள். தான் சாப்பிடுவதை மட்டும் நின்றுகொண்டே முடித்துக்கொண்டாள்.

சாயங்காலமானால் மாமியாரிடமிருந்து வீடியோ கால் வந்துவிடும். "உன் மூஞ்சி எதுக்கு? போனத் திருப்பு. மரத்தக் காட்டு."

ஒருநாள் இலைக்கு அடியில் பஞ்சு மாதிரி வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. பிள்ளைகள் தலையணையைப் பிய்த்துவிட்டார்களாக்கும் என்று நினைத்துத் தட்டிவிட்டாள். பஞ்சு நகர்ந்தது. அது மாவுப்பூச்சி. சாற்றை உறிஞ்சி உறிஞ்சி மரத்தையே காய வைத்துவிடும்.

வெள்ளையம்மா எடுக்க எடுக்கப் பூச்சி வந்துகொண்டே இருந்தது. அன்றைக்கு மரத்தின் நல்ல பக்கத்தை மட்டும் போனில் காட்டினாள்.

மறுநாள் காலையில் வாசலில் ஒரு எறும்பு வரிசை வந்து நின்றது. முன்னால் நின்ற பெரிய எறும்பு தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு கும்பிட்டது.

"வணக்கம்மா. நான்தான் மேஸ்திரி. உங்க மரத்துல பூச்சி இருக்குன்னு கேள்விப்பட்டோம். கவலய விடுங்க, நாங்க பாத்துக்கறோம். கூலிகூட வேணாம்."

வெள்ளையம்மா மூன்றாவது வரைதான் படித்தவள். ஆனால் அந்த மூன்று வகுப்புப் புத்தகத்திலும் எறும்பு தானியம் தூக்கிக்கொண்டு போகிற படம் இருந்தது. அந்தப் படத்தைக் காட்டித்தான் டீச்சர் அவள் தலையில் குட்டுவார். எறும்பைச் சந்தேகப்படுவதா? கதவை அகலத் திறந்துவிட்டாள்.

எறும்புகள் என்னமாய் வேலை செய்தன! ஒரு நிமிஷம் உட்காரவில்லை. மேலே ஓடின, கீழே ஓடின, எதிரில் வந்தவரிடம் நின்று நலம் விசாரித்துவிட்டு மறுபடி ஓடின. மாவுப்பூச்சிகளைத் தூக்கித் தூக்கிக் கொண்டுபோயின. ஆனால் கீழே கொண்டுபோகவில்லை. மேலே, புதுசாய்த் துளிர்த்த கொழுந்துக்குக் கொண்டுபோயின.

வெள்ளையம்மா கூச்சத்தோடு கேட்டாள். "ஏங்க, வெளியிலதானே கொண்டு போடணும்?"

"இடம் மாத்தி விடறோம்மா. ஒரே இடத்துல இருந்தா மரத்துக்குக் கெடுதல்."

"கொறஞ்ச மாதிரியே தெரியலயே?"

"கொறயறதுக்கு முன்னாடி கொஞ்சம் கூடும்மா. எல்லா வேலயும் அப்படித்தான்."

இவ்வளவு ஓடுகிறவர்களிடம் இதற்கு மேல் எப்படிக் கேட்பது? மரத்தின் நல்ல பக்கம் நாளுக்கு நாள் சுருங்கியது. கடைசியில் ஒரே ஒரு இலையைப் போனுக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டினாள்.

"என்னடி, ஒரே பச்சையா தெரியுது? தள்ளிப் பிடி!"

"நெட்டு சரியில்லத்தே."

"சரியில்லாதது நெட்டா நீயான்னு நேர்லயே வந்து பாக்கறேன். அடுத்த வாரம் கெளம்பறேன்."

அன்றைக்கு மத்தியானம் ஜன்னல் வழியாக ஒருத்தி பறந்து வந்தாள். சிவப்புச் சேலையில் கறுப்புப் புள்ளி போட்டுக்கொண்ட பொறிவண்டு. வணக்கம் சொல்லவில்லை, வரலாமா என்றுகூடக் கேட்கவில்லை. நேராகக் கொழுந்தில் போய் உட்கார்ந்தாள். ஒரு மாவுப்பூச்சியை எடுத்து வாயில் போட்டு நிதானமாக மென்றாள்.

எறும்பு மேஸ்திரி கூச்சல் போட்டார். "அம்மா! இந்த அநியாயத்தப் பாருங்கம்மா! நாங்க ஓடியாடி வேல செய்யற எடத்துல வந்து, உக்காந்து சாப்பிடறாளே!"

வெள்ளையம்மாவுக்கும் சுருக்கென்றது. கல்யாணமாகி வந்ததிலிருந்து அவளே இந்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. நேற்று வந்தவளுக்கு என்ன சொகுசு! துடைப்பத்தை எடுத்தாள்.

"அக்கா, அடிக்காதீங்கக்கா! நான் சாப்பிடறதுதான் வேலயே!"

"அந்த மாதிரி வேல எனக்கும் ஒண்ணு பாத்துக் குடு" என்று சொல்லி ஜன்னலைச் சாத்தினாள்.

பூக்கள் ஒவ்வொன்றாய் உதிர்ந்தன. சுண்டைக்காய் அளவில் ஒரே ஒரு பிஞ்சு மிஞ்சியது. அதன் காம்பிலும் வெள்ளை ஏறியிருந்தது. பிஞ்சைத் துடைக்கக் குனிந்தபோதுதான் வெள்ளையம்மா அதைக் கிட்டத்தில் பார்த்தாள். ஒரு எறும்பு மாவுப்பூச்சியின் முதுகைத் தட்டிக்கொடுத்தது. பூச்சி ஒரு சொட்டு இனிப்புத் தண்ணீரை விட்டது. எறும்பு குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டது. அடுத்த எறும்பு வந்து தட்டியது.

"மேஸ்திரி, என்னங்க இது?"

"வேலைக்கு நடுவுல ஒரு டீம்மா."

"இது டீயா? பாலுல்ல கறக்கறீங்க!"

மேஸ்திரி தலைப்பாகையைக் கழற்றினார். "சரிம்மா, தெரிஞ்சுபோச்சு. நீங்களே சொல்லுங்க, கறவ மாட்ட யாராவது கொல்லுவாங்களா?"

வெள்ளையம்மா முந்தானையை இழுத்துச் செருகினாள். எறும்பைப் பற்றிப் புத்தகத்தில் படித்ததை மறந்து, அடுப்படியில் கற்றதை நினைத்தாள். சர்க்கரை டப்பாவை வைக்கிற மாதிரியே தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தின் நடுவில் தொட்டியை வைத்தாள். சுவரைத் தொட்ட கிளையை வெட்டினாள். மரத்தில் இருந்த எறும்புகளை உதறி வாசலுக்குப் பெருக்கித் தள்ளினாள். பிறகு ஜன்னலைத் திறந்து, வெட்கத்தை விட்டுக் கூப்பிட்டாள்.

"தங்கச்சி, கோவிச்சுக்காத. வா, வந்து உக்காந்து சாப்பிடு."

பொறிவண்டு கொஞ்சம் பிகு பண்ணிவிட்டுத்தான் வந்தாள். அதற்கப்புறம் அவள் எழுந்திருக்கவே இல்லை. காலையில் உட்கார்ந்து சாப்பிட்டாள், மத்தியானம் சாப்பிட்டாள், சாயங்காலமும் சாப்பிட்டாள். மாமியார் வந்து இறங்கியபோது மரத்தில் வெள்ளை என்று சொல்ல ஒன்றுமில்லை. எலுமிச்சங்காய் ஒன்று தொங்கியது.

மாமியார் ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்த்தாள். குறை கிடைக்காமல் ஏமாந்துபோய்த் திரும்பினாள். அங்கே வெள்ளையம்மா தட்டு நிறைய முள்ளங்கிக் கூட்டை வைத்துக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். கூட்டில் ஆவி பறந்தது.

"என்னடி இது? நட்ட நடு வீட்ல உக்காந்து சாப்பிடறே?"

"உக்காந்து சாப்பிட்டவதான் உங்க மரத்தக் காப்பாத்தினா அத்தே. அதோ இருக்கா பாருங்க."

மாமியார் பொறிவண்டைப் பார்த்தாள், காயைப் பார்த்தாள், கூட்டையும் பார்த்தாள். பிரயாணக் களைப்பு வேறு. மெதுவாக உட்கார்ந்தாள்.

"அப்ப எனக்கும் ஒரு தட்டு வை."

வெள்ளையம்மா பழக்கத்தில் பாதி எழுந்தாள். பிறகு மறுபடி உட்கார்ந்துகொண்டாள்.

"தட்டு அங்க இருக்கு அத்தே."

வெளியே எறும்புகள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன. பக்கத்து வளை முள்ளம்பன்றி, "அடடா, என்ன சுறுசுறுப்பு!" என்று வியந்து கதவை அகலத் திறந்துவிட்டது.

நீதி: சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களை எழுப்பாதீர்கள், குடும்பம் அவர்களால்தான் நடக்கிறது, சந்தேகம் இருந்தால் நீங்களும் உட்கார்ந்து யோசியுங்கள், கூட்டு ஆறுவதற்குள்.