நிக்கலஸ் காட்டிய கோஸ்

“நிக்கலஸ், நாளைக்குக் காலமை நீர் கோஸ் காட்ட வேணுமாம்.”

சோமசேகரம் ரெலிபோனை வைத்துவிட்டு, சாவு வீட்டுக்கு வந்தவர் போலத் தலையை ஆட்டினார். குடாவைக் கடந்து மூதூருக்கு ஆளேற்றும் லோஞ்சுக்கு ரிக்கற் வெட்டும் கவுண்டரில் அவர்தான் கிளாக்கர். கரகரத்த அந்தக் கம்பியில் யார் பேசினாலும் விளங்கிக்கொள்ளக்கூடியவர் திருகோணமலையில் தான் ஒருவர்தான் என்று அவருக்கு ஒரு பெருமை உண்டு.

லோஞ்சின் சுக்கானி நிக்கலஸ் வாயில் வைத்த பீடியை எடுத்தான். “ஆர் அண்ணை சொன்னது?”

“பெரிய கந்தோரிலயிருந்து. எங்கட பெரியவர் அருளம்பலம் ஐயா தானே நேரில வாறாராம். நீர் கோஸ் காட்ட வேணுமாம்.”

“கோஸ் எண்டால்?”

“ஷோ கோஸ் எண்டு கேள்விப்படேல்லையோ? ‘உன்னை ஏன் வேலையை விட்டு நிப்பாட்டக் கூடாது? காரணம் காட்டு’ எண்டு கவுண்மேந்து கேக்கிறது. என்ர மச்சான் ஒருத்தருக்கு வந்தது. இப்ப அவர் கந்தளாயில மாடு மேய்க்கிறார்.” சோமசேகரம் குரலைத் தாழ்த்தினார். “போன செவ்வாய்க்கிழமை லோஞ்ச் பிந்தி வந்ததெல்லோ? நீரோட்டம் எண்டு என்னட்டைச் சொன்னனீர். உண்மையில என்ன நடந்தது?”

நிக்கலஸ் குனிந்து கால் பெருவிரலைப் பார்த்தான்.

நடந்தது இதுதான். வாடைக்காற்று ஓய்ந்து கடல் எண்ணெய் தடவியதுபோல் கிடந்த பங்குனி மாதம். மூதூரிலிருந்து திரும்பும்போது, கொட்டியாரக் குடாவின் நடுவில், இடது பக்கம் கடல் மூச்சு விட்டது. வெள்ளையாக ஒரு பனைமரம் நீருக்குள்ளிருந்து எழுந்து, நின்று, கலைந்தது. அதன் கீழே ஒரு முதுகு. இடத்துக்காகச் சண்டை பிடித்துக்கொண்டிருந்த சனமெல்லாம் வாய் மூடிவிட்டது. நிக்கலஸ் சுக்கானைத் திருப்பியதாகவே அவனுக்கு ஞாபகமில்லை. நினைவு வந்து பார்த்தால் கோணேசர் மலை பிழையான பக்கத்தில் நிற்கிறது. லோஞ்ச் வெளிக்கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருக்கிறது. ஏற்றின ஆட்களில் ஒருவர்கூட “எங்க போறாய்?” என்று கேட்கவில்லை. எல்லாரும் அவனைப் போலவே பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

பதினைந்து வருடம் சுக்கான் பிடித்தவன். அன்றைக்குப் பிறகு ஒரு இரவும் அவன் ஒழுங்காகத் தூங்கவில்லை. கண்ணை மூடினால் அந்த மூச்சுச் சத்தம்.

“திமிங்கிலம் அண்ணை,” என்றான். “பாக்க ஆசையாய்க் கிடந்தது. அதுக்குப் பின்னால போயிட்டன்.”

சோமசேகரம் கண்ணாடியைக் கழற்றினார். “இதைப் போய் அருளம்பலத்தாரிட்டைச் சொல்லிப்போடாதையும். பீடி குடிச்சதுக்கே ஒருத்தனை ஒரு மாதம் வீட்டில இருத்தின மனிசன்.”

“காரணம் கேட்டால் காரணத்தைத்தானே சொல்லவேணும்?”

“அங்கதான் நீர் பிழை விடுறீர். கோஸ் எண்டாலும் காரணம், ரீசன் எண்டாலும் காரணம். ஆனால் ரெண்டும் வேற. தலையில தேங்காய் விழுந்து மண்டை உடைஞ்சுபோச்சு எண்டு வையும். தேங்காய் கோஸ். நீர் ஏன் மரத்துக்குக் கீழ போனனீர் எண்டது ரீசன். ரீசன் ஆளில இருக்கும். கோஸ் ஆளுக்கு வெளியில இருக்கும். ‘பாக்க ஆசை’ எண்டு சொன்னால் அது ரீசன். வேலை போச்சு.”

“கோயில் முகடு மேயக் காசு சேர்க்கேக்க, பாதரும் குட் கோஸ் எண்டு சொன்னவரே?”

“அது நல்ல நோக்கம். அது வேற கோஸ். கோட்டில வழக்குக்கும் கோஸ் எண்டுதான் பேர். வினைச்சொல்லாப் பாவிச்சால், ‘நீ தாமதத்தைக் கோஸ் பண்ணினாய்’ எண்டு அவர் உம்மைப் பாத்துச் சொல்லுவார். அதுதான் ஆகப் பொல்லாதது.”

ஒரு சின்னச் சொல்லுக்குள் இவ்வளவு பேர் குடியிருக்கிறார்களா என்று நிக்கலஸுக்கு மலைப்பாக இருந்தது.

“அப்ப நான் காட்ட வேண்டியது தேங்காயை?”

“ஓம். கையில தொட்டுக் காட்டுற மாதிரி ஒரு தேங்காயைத் தேடும்.”

வீட்டுக்குப் போனால் பெண்சாதி மரியம்மா சோற்றைப் போட்டுவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். விஷயத்தைக் கேட்டதும், “கோஸோ? சிங்களத்தில கொஸ் எண்டால் பிலாக்காயெல்லோ?” என்றாள். “பெரிய ஐயாவுக்குப் பிலாக்காயை ஏன் காட்டச் சொல்லுகினம்?”

“பிலாக்காய் இல்லையப்பா, தேங்காய்,” என்றான் நிக்கலஸ். மரியம்மா மாதாவின் படத்துக்கு முன்னால் போய் நின்றாள்.

அன்று பின்னேரமே அவன் எஞ்சின்காரர் ஸெய்னுதீனிடம் போனான். ஸெய்னுதீன் நானா லோஞ்சின் எஞ்சினைத் தன் பிள்ளையைப் போலத் துடைத்து வைத்திருப்பவர்.

“நானா, செவ்வாய்க்கிழமை எஞ்சின் பழுதெண்டு சொல்லவேணும்.”

“என்ட எஞ்சினுக்கா? பழுதா?” நானா எழும்பிவிட்டார். “உனக்குப் பைத்தியமாடா? வெள்ளக்காரன் டொக்யார்ட்ட விட்டுப் போன நாளிலிருந்து இது ஒரு தரம் இருமினது கூட இல்ல!”

“என்ர வேலை போகப்போகுது நானா.”

நானா தாடியைத் தடவினார். கோபம் மெல்ல இறங்கியது. “எஞ்சின்ட பேருக்குப் பழுது வராம ஒண்டு செய்யலாம். அதக் குளிர வைக்கக் கடல் தண்ணி வாற குழாயில ஒரு சல்லடை இரிக்கி. அதுக்குள்ள பாசி அடைச்சதெண்டு சொல்லுவம். அது கடல்ட குத்தம். எஞ்சின்ட குத்தமில்ல.”

“நல்ல தேங்காய்,” என்றான் நிக்கலஸ்.

“என்ன தேங்காய்?”

“ஒண்டுமில்லை நானா.”

அப்போதே இரண்டு பேரும் ஜெட்டித் தூணில் வளர்ந்த பாசியைச் சுரண்டி எடுத்து, சல்லடைக்குள் நன்றாக அடைத்து, மூடி வைத்தார்கள். பெரியவர் வந்ததும் மூடியைத் திறந்து காட்டுவது, அவர் தலையாட்டிவிட்டுப் போனதும் பாசியை எடுத்துவிடுவது என்று ஏற்பாடு.

மறுநாள் முதல் ஓட்டத்துக்கு முன்பே அருளம்பலம் வந்துவிட்டார். வெள்ளைக் களிசான், வெள்ளைச் சேட், அகன்ற தொப்பி. சிரித்ததாக யாரும் சாட்சி சொல்லாத முகம். பின்னால் ஒரு பையுடன், பெரிய கந்தோரில் ரெலிபோன் எடுக்கும் பெட்டை ஐவி வந்தாள். தன் வாக்குமூலத்தை எழுதத்தான் அவளைக் கூட்டி வந்திருக்கிறார் என்று நிக்கலஸ் நினைத்தான்.

“ரெடியோ, நிக்கலஸ்?”

“ரெடி ஐயா. கோஸ் காட்ட ரெடி.”

“வெரி குட். காட்டும்.”

நிக்கலஸ் எஞ்சினை மூடிய பலகையைத் தூக்கினான். “இதுதான் ஐயா.”

அருளம்பலம் குனிந்து எட்டிப் பார்த்தார். “எது?”

“உந்தச் சல்லடை. பாசி அடைச்சுப்போச்சு. அதாலதான் அண்டைக்கு...”

“என்ன ஐசே விசர்க்கதை கதைக்கிறீர்? கோஸ் எஞ்சினுக்குள்ளேயோ கிடக்கு? கோஸ் கடலிலயெல்லோ!”

நிக்கலஸ் தூக்கிய பலகையைக் கீழே போட்டான். மனிசனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது!

“எ... எந்தக் கடலில ஐயா?”

“செவ்வாய்க்கிழமை நீர் போன கடலில. எடும் லோஞ்சை!”

ஸெய்னுதீன் நானா அவன் காதுக்குள், “பாசிய இன்னும் எடுக்கல்லடா!” என்றார்.

“இப்ப எடுத்தால் நாங்கள்தான் வைச்சதெண்டு விளங்கிப்போடும். மெல்ல விடுங்கோ நானா.”

மெல்லத்தான் விட்டார். ஜெட்டியில் நின்ற மூதூர்ச் சனம், “எங்கள விட்டுட்டுப் போறாங்க!” என்று கத்தியது. நிக்கலஸ் வழக்கமான பாதையில் மூதூரைப் பார்த்து நேராகச் செலுத்தினான். நேராகப் போகத் தெரிந்த சுக்கானி என்றாவது ஐயா நினைக்கட்டும்.

“இந்த வழியோ போனனீர்?” என்றார் அருளம்பலம்.

“ஓம் ஐயா. எப்பவும் இந்த வழிதான். ஒரு முழமும் விலகமாட்டன்.”

“பொய் சொல்லாதையும். வெளியால திரும்பினதெண்டு எனக்குத் தெரியும். திருப்பும்.”

நிக்கலஸ் திருப்பினான். குற்றவாளியைக் குற்றம் நடந்த இடத்துக்கே கூட்டிப்போய்ப் பொலிஸ் விசாரிப்பதை அவன் கேள்விப்பட்டிருக்கிறான். ஐவி பையைத் திறந்தாள். இதோ கொப்பி வருகிறது என்று அவன் கண்ணை மூடிக்கொண்டான். திறந்தபோது அருளம்பலத்தின் கையில் ஒரு தூரக்கண்ணாடி இருந்தது. தன் நடத்தையை அவர் இவ்வளவு கிட்டத்திலிருந்து தூரக்கண்ணாடி வைத்தா பார்க்க வேண்டும் என்று அவனுக்கு விளங்கவில்லை.

குடாவின் நடுவில் எஞ்சின் முதல் தடவையாக இருமியது.

ஸெய்னுதீன் நானா தலையில் கை வைத்தார். தண்ணீர் கிடைக்காத எஞ்சின் கொதித்து, புகை விட்டு, இன்னும் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. கரை எங்கேயோ. லோஞ்ச் தன்பாட்டில் மிதக்கத் தொடங்கியது.

“என்ன நடந்தது?” என்றார் அருளம்பலம்.

இனி ஒளிக்க ஏலாது. நிக்கலஸ் சுக்கானை விட்டுவிட்டு அவர் முன்னால் வந்து கை கட்டி நின்றான்.

“ஐயா, பாசியை நாங்கள்தான் அடைச்சனாங்கள். நானாவில பிழையில்லை, நான்தான் கேட்டனான். செவ்வாய்க்கிழமை எஞ்சினும் பழுதில்லை, நீரோட்டமும் இல்லை. தேங்காயும் இல்லை ஐயா. நான்தான் காரணம். கண்டவுடன பாக்க ஆசை வந்திட்டுது. என்ர கை என்ர சொல்லைக் கேக்கேல்லை. வேலையை எடுக்கிறதெண்டால் எடுங்கோ. ஆனால் ஐயா, நாளைக்கும் அதைக் கண்டால் நான்...”

அருளம்பலம் விரலைத் தன் உதட்டில் வைத்தார். அவர் நிக்கலஸைப் பார்க்கவே இல்லை. அவன் தோளுக்கு மேலால் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எஞ்சின் நின்றுவிட்டதால் கடலில் ஒரு சத்தமும் இல்லை. பலகையில் நீர் தட்டுவது மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது போலிருந்தது.

முதலில் நீரின் நிறம் மாறியது. லோஞ்சுக்கு அடியில், ஆழத்தில், யாரோ விளக்கு ஏற்றியது போல் ஒரு வெளிர்நீலம். அது வளர்ந்தது. ஒரு பக்கம் பார்த்தால் அதன் தொடக்கம் தெரியவில்லை, மறுபக்கம் பார்த்தால் முடிவு தெரியவில்லை. பிறகு அது லோஞ்சைத் தாண்டிப்போய், கூப்பிடு தூரத்தில், அவசரமே இல்லாமல் மேலே வந்தது.

அது மூச்சு விட்டது. அந்தச் சத்தம் காதுக்குக் கேட்குமுன் நெஞ்சுக்குக் கேட்டது. வெள்ளை மரம் எழுந்து, வெயில் பட்டு, ஒரு கணம் அதற்குள் வானவில் நின்றது. தூவானம் வந்து நாலு பேரின் முகத்தையும் நனைத்தது. மீன் மணமும் ஆழத்தின் குளிரும் கலந்த தூவானம். அதன் பின் முதுகு வந்தது. வந்துகொண்டே இருந்தது. இதோ முடிந்தது என்று நினைக்க, இன்னும் வந்தது. கறுப்புமல்ல, நீலமுமல்ல, மழைக்கு முந்திய வானம் போல ஒரு நிறம். அந்தப் பெரிய லோஞ்ச் அதன் பக்கத்தில் ஒரு சிரட்டையாகக் கிடந்தது.

“சுப்ஹானல்லாஹ்,” என்றார் ஸெய்னுதீன் நானா. நிக்கலஸ் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டான். கை நெற்றிக்குப் போனது தெரிந்தது, இறங்கியது தெரியவில்லை. வேலை போகப்போவது அவனுக்கு மறந்தே போய்விட்டது.

கடைசியாக வால் எழுந்தது. நீர் வழிய வழிய, கோயில் கதவு இரண்டும் ஒன்றாகத் திறப்பது போல விரிந்து நின்றது. பிறகு ஒரு துளி சத்தமில்லாமல் உள்ளே போனது. போன இடத்தில் கடல், இஸ்திரி போட்ட சீலை மாதிரி மடிப்பில்லாமல் கிடந்தது.

அருளம்பலத்தின் தொப்பி எப்போதோ கழன்று அவர் கையில் இருந்தது. தூரக்கண்ணாடி கழுத்தில் தொங்கியது. அதை அவர் கண்ணில் வைக்கவே இல்லை. முகம் முழுக்க நனைந்திருந்தது. தூவானம் மட்டும்தானா என்று நிக்கலஸால் சொல்ல ஏலாது.

 பிறகு ஸெய்னுதீன் நானா சல்லடையைத் திறந்து, பாசியை அள்ளிக் கடலில் எறிந்தார். எஞ்சின் ஆறியதும், கோபமெல்லாம் தீர்ந்த பிள்ளை போல, ஒரே சுழற்றலில் புறப்பட்டது.

ஜெட்டி வந்தது. அருளம்பலம் இறங்கினார். நிக்கலஸின் கையை இரண்டு கையாலும் பிடித்தார்.   தொப்பியைப் போடாமலே வெயிலில் நடந்து போய்விட்டார்.

சோமசேகரம் கவுண்டரைத் திறந்தபடி விட்டுவிட்டு ஓடி வந்தார். “என்ன மாதிரி? கோஸ் காட்டியாச்சோ?”

“காட்டியாச்சு,” என்றான் நிக்கலஸ். “அவர் ஒண்டும் சொல்லேல்லை. வேலை இருக்கோ, இல்லையோ தெரியாது. இருந்தாலும் காரியமில்லை அண்ணை, இல்லாட்டிலும் காரியமில்லை.”

“ஷோ கோஸுக்குப் பதில் சொல்லாமல் ஒரு பெரியவர் போறதோ? அப்ப அது சஸ்பென்ஷன்தான்!”

பையைத் தூக்கிக்கொண்டு லோஞ்சிலிருந்து இறங்கிய ஐவி அப்படியே நின்றாள். ஒருவரை மாற்றி ஒருவரைப் பார்த்தாள்.

“கோஸோ? ஐயோ சோமசேகரம் அண்ணை, நான் ரெலிபோனில சொன்னது கோர்ஸ், படகு போற வழி. நிக்கலஸ் அண்ணை திமிங்கிலத்துக்குப் பின்னால போனதெண்டு சனம் சொல்லக் கேட்டு, அந்த வழியைத் தனக்கும் ஒருக்காக் காட்டுவாரோ எண்டுதான் ஐயா கேக்கச் சொன்னவர்!”