ஓபிரையன் குடியில் ஒரு கலியாணம்

எதையாவது பட்டியல் போடாமல் என்னால் ஒரு நாளைக் கழிக்க முடியாது. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். கொழும்புக்குப் போய் நூலகப் பயிற்சி பெறுவதற்கு முன்பே, உம்மாவின் சாரிகளை நிறவாரியாக அலுமாரியில் அடுக்கி, ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஓர் எண்ணைத் தைத்து வைத்தவள் நான். (உம்மா பதினேழாம் எண்ணை உடுத்துக்கொண்டு ஒரு கலியாண வீட்டுக்குப் போய் வந்தார். எண் வெளியே தெரிந்தது. ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை.)

பயிற்சி முடிந்து சாய்ந்தமருதுக்குத் திரும்பியபோது எனக்கு இருபத்திரண்டு வயது. எங்கள் பகுதி வாசிகசாலையில் என்னை ஆறு மாதத் தவணையில் வேலைக்கு எடுத்தார்கள். ஒரு பெண்பிள்ளை உத்தியோகத்துக்குப் போவது அப்போது எங்கள் தெருவுக்குப் புதிது. வாப்பா தபால் கந்தோரில் வேலை செய்தவர். அனுமதியைக்கூட நிபந்தனையோடுதான் பட்டுவாடா செய்வார்.

"ஒரு முறைப்பாடு வரட்டும். ஒண்டே ஒண்டு. அண்டைக்கே வேலைய உட்டுட்டு வீட்டுல இரிக்கணும். சரியா?"

"ஓம் வாப்பா" என்றேன். முறைப்பாடு வரக்கூடிய வழிகளை அன்றிரவே எழுதிப் பார்த்தேன். பன்னிரண்டு வந்தன. நடந்தது அந்தப் பன்னிரண்டிலும் இல்லை.

ஐந்தாம் மாதம், உள்நாட்டில் அணைக்கட்டு வேலையிலிருந்த ஓர் அயர்லாந்துக்காரப் பொறியியலாளர் எங்களுக்கு இரண்டு பெட்டி புத்தகம் அனுப்பினார். பெயர் ஓபிரையன். தான் மணக்கப்போகும் பெண்ணோடு வந்து வாசிகசாலையைப் பார்க்க விரும்புவதாகக் கடிதத்தில் எழுதியிருந்தார். வாசிகசாலைத் தலைவர் உடனே ஒரு தேநீர் விருந்துக்கு ஏற்பாடு செய்தார்.

"வாற மனிசன்ட ஊரப் பத்தி, ஆக்களப் பத்திச் சுவருல எதையாவது போடு புள்ள" என்றார் என்னிடம். "மனிசன் சந்தோசப்படணும்."

என்னிடம் போய் 'எதையாவது' என்று சொல்லலாமா?

பெட்டியில் அயர்லாந்துக் குடும்பப் பெயர்களைப் பற்றி ஒரு தடித்த புத்தகம் இருந்தது. மூன்று நாள் அதை மேய்ந்தேன். பெயருக்கு முன்னால் வரும் 'ஓ' என்பதற்குப் பேரன் வழி என்று பொருள் என அதில் போட்டிருந்தது. ஆதியில் பிரையன் என்று ஒருவர் இருந்தார். ஓபிரையன்கள் அவருடைய வழித்தோன்றல்கள். அந்த வரியைப் படித்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. (விளங்கிவிட்டது என்று நான் நினைத்த நாட்களின் பட்டியலும் என்னிடம் உண்டு. நீளமானது.) இது வேறொன்றுமில்லை, நம்மட குடிதான்.

எங்கள் கரையோரத்தில் எல்லோருக்கும் ஒரு குடி உண்டு. ஒரே குடியில் பிறந்தவர்கள் காக்கா தங்கச்சி, அதாவது அண்ணன் தங்கை மாதிரி. ஒருவரையொருவர் கட்ட முடியாது. ஒவ்வொரு குடிக்கும் பள்ளிவாசலில் தலைவராக ஒரு மரைக்கார் இருப்பார். கலியாணம் பேசினால் முதற்கேள்வியே என்ன குடி என்பதுதான். குடி எந்த வழியாக வருகிறது என்பதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. நடக்கப் பழகும்போதே அதுவும் தெரிந்துவிடும்.

'அயர்லாந்துக் குடிகளும் அவற்றின் பெரியோரும்' என்று தலைப்பிட்டு, சுவர் நீளத்துக்குக் கடதாசி ஒட்டி, நாற்பத்தேழு பேரை எழுதினேன். ஓபிரையன் குடியில் ஓர் அரசர், கலகம் செய்து தீவுக்கு நாடு கடத்தப்பட்ட ஒருவர், ஒரு சினிமா நடிகர். ஓநீல் குடியில் அரசர்களும் ஒரு நாடக ஆசிரியரும். ஓசலிவன் குடியில், பனிக்காலத்தில் தன் சனங்களையும் கூட்டிக்கொண்டு நாட்டை நடந்தே கடந்த ஒரு தலைவர். மர்ஃபி குடியில் அமெரிக்காவில் பேரெடுத்த ஒரு சத்திரசிகிச்சை நிபுணர். குடிக்கு ஒரு நிற மை.

எங்கள் குடி மரைக்கார் நாள்தோறும் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுப் பத்திரிகை பார்க்க வருவார். பத்திரிகையைத் தள்ளி வைத்துவிட்டு மூன்று நாளும் சுவரைத்தான் பார்த்தார்.

"வெள்ளக்காரனுக்கும் குடி இரிக்கா புள்ள?"

"அயர்லாந்துக்காரருக்கு இருக்கு மாமா. பேருலயே வெச்சிருக்காங்க."

"பாரன்" என்றார், மிகுந்த மரியாதையோடு. மற்றக் குடி மரைக்கார்மாரிடமும் போய்ச் சொல்லியிருக்கிறார். விருந்தன்று ஏழு பேரும் முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார்கள். மூன்றாம் வரிசையில் வாப்பா.

பொறியியலாளர் வெயிலில் சிவந்துபோன உயரமான மனிதர். பக்கத்தில் வந்த பெண் தாதி. மட்டக்களப்பில் பிரசவ விடுதியில் வேலை. மொழிபெயர்க்கும் பொறுப்பும் என்னுடையதுதான். தலைவர் மாலை போட்டார். பொறியியலாளர் அந்தப் பெண்ணை அறிமுகம் செய்தார். நான் சபைக்குச் சொன்னேன்:

"இவ மிஸ் ஓபிரையன். வாற மாசம் ரெண்டு பேருக்கும் கலியாணம்."

வாக்கியத்தின் நடுவிலேயே பிழை எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் தொடங்கிய வாக்கியத்தை முடித்துத்தான் எனக்குப் பழக்கம்.

முன்வரிசையில் ஏழு தொப்பிகளும் ஒன்றாகச் சுவர்ப்பக்கம் திரும்பின. எங்கள் மரைக்கார் எழுந்தார்.

"மகள், அவருக்கிட்டக் கேளு. அவரு ஓபிரையன். புள்ளயும் ஓபிரையனா?"

கேட்டேன். பொறியியலாளர் சிரித்துக்கொண்டே, அது பெரிய வசதி, பெட்டிகளில் எழுதியிருக்கும் பெயரை அவள் மாற்ற வேண்டியதில்லை என்றார். அதையும் ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன். (அந்த வயதில் எனக்குச் சரியானதும் நல்லதும் ஒரே அட்டையில்தான் இருந்தன.)

தட்டுகளில் வட்டிலப்பம் தொடப்படாமல் இருந்தது.

"மார்க்கத்துல தடை இல்ல" என்றார் மரைக்கார், நிதானமாக. "வழக்கத்துல சரிவராது. ஊருக்கு வந்த புள்ளயள், நல்ல புள்ளயள். ஆனா ஒரு குடிக்குள்ள நடக்கிற கலியாணத்துக்கு நாங்க இரிந்து சாப்பிட்டா, நாளைக்கு நம்மட புள்ளயளுக்கு என்னத்தச் செல்ற?"

மற்ற ஆறு பேரும் எழுந்தார்கள். தலைவர் என் காதருகே வந்தார்.

"இவங்க எழும்பிப் போனா, முதலாவது முறைப்பாடு என்ட கையாலதான் எழுதுவன், விளங்குதா?"

மூன்றாம் வரிசையைப் பார்த்தேன். வாப்பா கைக்கடிகாரத்தைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். நான் இனி வீட்டில் என்னென்ன அடுக்கலாம் என்று யோசித்தேன். சாரிகள் முடிந்துவிட்டன. குசினி பாக்கி.

தாதி என் கையைத் தொட்டு, என்ன நடக்கிறது என்று கேட்டாள். ஒழுங்குமுறைப்படி விளக்கினேன்: குடி, தடை, சுவர். அவள் கோபப்படவில்லை. தினமும் குழந்தைகளின் பெயர் எழுதும் உத்தியோகம்; எழுதும் ஆளின் கேள்வியைக் கேட்டாள்.

"இங்கே குழந்தைக்குக் குடி யாரிடமிருந்து வரும்?"

"தாயிடமிருந்துதான். வேறு எப்படி வரும்?" என்றேன்.

சொல்லி முடித்தபின் நான் சொன்னது என் காதிலேயே விழுந்தது. நாற்பத்தேழு பேர், ஆறு நிற மை, மூன்று நாள். ஒவ்வொருவரையும் தகப்பன் வழியில் எழுதி வைத்திருந்தேன்.

"என் அம்மா மர்ஃபி" என்றாள் தாதி. பொறியியலாளரைக் காட்டினாள். "இவருடைய அம்மா ஓசலிவன்."

வாசலுக்குப் போய்விட்ட மரைக்காரிடம் இதைக் கூவிச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் திரும்பி வந்தார். சுவர் ஓரமாக நடந்து, மர்ஃபி குடியில் ஒரு விரலை வைத்தார். அதை எடுக்காமலே, தள்ளியிருந்த ஓசலிவன் குடியில் மறுகை விரலை வைக்கப் பார்த்தார், கை எட்டவில்லை. பொறியியலாளர் அந்த விரலை வைத்து உதவினார்.

"தாய் மர்பி எண்டா மகளும் மர்பி" என்றார் மரைக்கார் சபையைப் பார்த்து. "மாப்புள ஓசலிவன். வேற வேற குடி. நல்ல இடம். தேத்தண்ணியக் குடுங்க."

ஏழு பேரும் திரும்ப உட்கார்ந்தார்கள். வட்டிலப்பம் இரண்டாம் தடவையும் கேட்கப்பட்டது. அதன்பிறகு மரைக்கார் என்னைக் கூப்பிட்டார்.

"மகள், நீ என்ன குடி?"

சொன்னேன்.

"அது ஆருட குடி?"

"உம்மாட."

"பொறகென்ன, இவங்களுக்கு மட்டும் வாப்பாட குடியப் போட்டிருக்காய்?"

தலைவர் இதுதான் நேரம் என்று, இந்தப் புள்ளையை நிற்பாட்டுவதுதான் நல்லது என்று தொடங்கினார்.

"நிப்பாட்டினா இத ஆரு திருத்துற?" என்றார் மரைக்கார். "நாப்பத்தேழு பேருட தாயையும் தேடி எழுதட்டும். அது முடியுமட்டும் இவ இங்கதான் இரிக்கணும்."

வாப்பா கைக்கடிகாரத்தைத் திரும்பக் கட்டிக்கொண்டார்.

உலகப் புகழ் பெற்றவர்களின் தாய்மாரைப் பற்றிப் புத்தகம் எழுதியவர்கள் அதிகம் கவலைப்படவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இரண்டு வருடத்தில் பதினொரு பேருக்குத் தாய் கிடைத்தார்கள். மிச்சம் முப்பத்தாறு பேருக்கும் மரைக்கார் சொன்னபடி, பெயருக்குக் கீழே சிவப்பு மையில் 'தாய் வழி தெரியாது' என்று எழுதினேன். ஓபிரையன் அரசர், தாய் வழி தெரியாது. சினிமா நடிகர், தாய் வழி தெரியாது. வெளியூர்க்காரர் வந்தால், இவர்கள்மேல் எங்களுக்கு என்ன பகை என்று கேட்பார்கள்.

தாதி நாட்டுக்குத் திரும்பியபின் எனக்கு எழுதிய கடிதங்களில் பெயருக்குப் பின்னால் 'மர்ஃபி குடி' என்று போட்டுத்தான் கையெழுத்து வைப்பாள். ஒரு நாள் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்த செய்தி வந்தது. கடிதத்தை மரைக்காருக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார்.

"மர்பில ஒண்டு கூடியிருக்கு. எழுது."

எழுதினேன். சத்திரசிகிச்சை நிபுணருக்குக் கீழே நாற்பத்தெட்டாவது ஆள். தொழில்: கைக்குழந்தை. அந்தச் சுவரிலேயே நான் யாரிடமும் கேட்காமல் தாயை எழுதிய ஒரே பெயர் அது.

ஏழு வருடமாகிறது. ஆறு மாதத் தவணை இன்னும் முடியவில்லை. இருபத்தைந்து தாய்மார் பாக்கி. வீட்டில் நான் எதை எழுதினாலும், சந்தைக்குச் சாமான் துண்டு எழுதினாலும், வாப்பா கையில் வாங்கி மேலிருந்து கீழ்வரை ஒருதரம் பார்ப்பார்.

"எல்லாம் சரி" என்பார். "வெங்காயத்துட தாய் ஆரு?"