பாடம் முடிந்துவிட்டபடியால்

ஒரு பள்ளிக்கூடத்துக் கணக்கு ஆசிரியரின் முழங்கால் தேய்ந்துபோவது, பொதுவாக நிர்வாகம் கவலைப்பட வேண்டிய விஷயம் அல்ல. ஆனால் இந்தக் கணக்கு சாருடையது இருபத்திரண்டு வருட சர்வீஸ் உள்ள முழங்கால். அந்த இருபத்திரண்டு வருடத்தையும் அவர் வகுப்பறை நாற்காலியில் உட்கார்ந்தேதான் கழித்தார். பிறகு அது எப்படித் தேய்ந்தது என்று ஸ்டாஃப் ரூமில் சிலருக்குச் சந்தேகம் வந்தது. அவர் வீட்டு மாடியில் தினமும் சாயங்காலம் ட்யூஷன் நடக்கிறது, படிகள் ரொம்பச் செங்குத்து என்று டிராயிங் மாஸ்டர் விளக்கியதும் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

கோடை விடுமுறையில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கல்வியாண்டு முடியும்வரை நிற்கவே கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். கணக்கு சார் மருத்துவ விடுப்பு எடுத்துக்கொண்டார். ட்யூஷன் உட்கார்ந்து செய்கிற வேலை, அது நிற்பதில் சேராது என்பதால், மாடியிலிருந்து கீழே கார் ஷெட்டுக்கு இடத்தை மாற்றி, காலை ஒரு ஸ்டூலில் நீட்டிக்கொண்டு, ஒருநாள்கூட விடாமல் நடத்தினார். பள்ளியிலும் உட்கார்ந்துதானே இருந்தீர்கள் என்று அவரை யாரும் கேட்கவில்லை. ஆபரேஷன் ஆன மனிதரிடம் போய் அப்படியெல்லாம் கேட்பது நாகரிகமில்லை.

அவர் இடத்துக்கு வந்தவள்தான் டெம்பரவரி டீச்சர். அவளுக்கு ஒரு பெயர் இருந்தது, வருகைப் பதிவேட்டில் அதைப் பென்சிலால் எழுதியும் இருந்தார்கள். ஆனால் ஸ்டாஃப் ரூமில், "டெம்பரவரி, அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்தும்மா" என்றுதான் பேச்சு. அவளும் எழுந்துபோய்ச் சாத்துவாள்.

எட்டு வருடமாக ஆறு பள்ளிகளில் அவள் அடுத்தவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு முழுக் கல்வியாண்டை ஒரே பள்ளியில் முடித்தால், நிரந்தர வேலைக்கான பட்டியலில் பெயர் சேரும் என்பது விதி. அந்த முழு ஆண்டுதான் அவளுக்கு வாய்க்கவே இல்லை. ஒரு பள்ளியில் பிரசவத்துக்குப் போனவர் சீக்கிரம் திரும்பிவிட்டார். இன்னொன்றில் மஞ்சள்காமாலைக்காரர் பத்தியம் இருந்து தேறிவிட்டார். அவள் நல்ல மனசுக்காரிதான், யாரும் கஷ்டப்படக் கூடாது என்று நினைப்பவள்தான். இருந்தாலும் யாராவது குணமாகிவிட்டார்கள் என்று கேட்டு அவள் சந்தோஷப்பட்டதில்லை. இந்த முழங்கால் மோசமாகவும் வேண்டாம், ஆண்டு முடிவதற்குள் நேராகவும் வேண்டாம் என்று அவள் தினமும் வேண்டிக்கொண்டாள்.

முதல் நாளே ஹெட்மாஸ்டர் கூப்பிட்டு அன்பாகச் சொன்னார். "எட்டாம் வகுப்பு பி பிரிவு கொஞ்சம் மந்தம். ரொம்ப அலட்டிக்காதீங்க. சத்தம் வெளியே கேக்கலேன்னா சரி."

அவளும் தலையை ஆட்டிவிட்டுத்தான் போனாள். இரண்டாவது வாரம் கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி எழுந்து, "டீச்சர், பின்னத்தைப் பின்னத்தால வகுக்கும்போது ஏன் தலைகீழாத் திருப்பறோம்?" என்று கேட்டுத் தொலைத்தாள். அப்போது இவள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அப்படித்தான் போடணும், உக்காரு என்று சொல்லியிருந்தாலும் போதும், வழக்கமான பதில்தான். இவள் ஒரு காகிதத்தை எடுத்து மடித்து, கிழித்து, ஏன் என்று காட்டினாள். அந்தப் பெண்ணுக்குப் புரிந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவளுக்கும் புரிந்துவிட்டது. அதன்பிறகு அந்த வகுப்பில் தினம் நான்கு பேர் எழுந்து ஏன், ஏன் என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

அரையாண்டுத் தேர்வு வந்தது. பி பிரிவில் நாற்பத்தோரு பேர். வழக்கமாகக் கணக்கில் பதினான்கு பேர் தேறுவார்கள். அந்தப் பதினான்கு பேரும் கணக்கு சாரிடம் ட்யூஷன் படிப்பவர்களாக இருப்பது தற்செயல். இந்தத் தடவை முப்பத்தொன்பது பேர் தேறிவிட்டார்கள். அடுத்த வாரமே கார் ஷெட்டில் பெஞ்சுகள் காலியாக ஆரம்பித்தன. கிளாஸ்லயே புரியுது என்று பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள்.

ஸ்டாஃப் ரூமில் பேச்சு நின்றது. அவள் உள்ளே நுழைந்தால் எல்லோரும் கையிலிருந்ததைக் கவனமாகப் படித்தார்கள். தன் வீட்டில் மூன்று பேட்ச் ட்யூஷன் வைத்திருக்கும் இங்கிலீஷ் மிஸ் ஒருநாள் ஹெட்மாஸ்டரிடம் மனம்விட்டுச் சொன்னார்.

"இன்னிக்குக் கணக்கு சார். நாளைக்கே இங்கிலீஷும் புரிய ஆரம்பிச்சா நாங்கள்லாம் எங்க போறது?"

பெற்றோர் தரப்பிலிருந்தும் ஒரு தாய் நேரில் வந்தார். கண்ணில் நீர் கட்டியிருந்தது.

"சாயங்காலம் அஞ்சு மணிக்கு என் பையன் வீட்டுல இருக்கான் சார். எதிர்வீட்டுக்காரங்க, ஏன் ட்யூஷன் போகலையான்னு கேக்குறாங்க. கிளாஸ்லயே புரிஞ்சிடுச்சுன்னு சொன்னா யாராவது நம்புவாங்களா? அனுப்ப வக்கில்லேன்னுதானே நினைப்பாங்க? நாங்க தெருவுல தலைகாட்ட வேண்டாமா?"

இதற்குமேலும் நிர்வாகம் கைகட்டி நிற்க முடியாது. 'பி பிரிவு மாணவர்கள் அசாதாரணமான எண்ணிக்கையில் தேர்ச்சி பெற்றமை குறித்து விளக்கம் கோருதல்' என்று அவளுக்கு ஒரு மெமோ வந்தது. ஹெட்மாஸ்டர், இங்கிலீஷ் மிஸ், டிராயிங் மாஸ்டர் மூவரும் விசாரணைக் குழு. விசாரணையை அவளுடைய வகுப்பு நேரத்திலேயே வைத்தார்கள்.

"கேள்வித்தாளை முன்னாடியே பிள்ளைங்ககிட்ட குடுத்தீங்களா?" என்று ஹெட்மாஸ்டர் ஆரம்பித்தார்.

"இல்ல சார். கேள்வித்தாளே கணக்கு சார் வீட்டுலேருந்து சீல் வச்ச கவர்லதானே வந்துச்சு."

ஹெட்மாஸ்டர் இருமினார். "அந்த விஷயத்துக்குள்ள நாம போக வேண்டாம். அப்ப எப்படிப் பாஸ் பண்ணாங்க?"

"சொல்லிக்குடுத்தேன் சார்."

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"யார் சொல்லச் சொன்னது?" என்றார் இங்கிலீஷ் மிஸ்.

"பிள்ளைங்க கேட்டாங்க மேடம்."

"பிள்ளைங்க ஆயிரம் கேப்பாங்க. பாவம், ஒரு மனுஷன் ஆபரேஷன் பண்ணிட்டுப் படுத்திருக்காரு. அவர் இருபத்திரண்டு வருஷமா நடக்க விடாத ஒரு விஷயம், அவர் இல்லாத நேரமாப் பாத்து நடக்குதுன்னா, அவர் மனசு என்ன பாடுபடும்? அதை யோசிச்சீங்களா?"

உண்மையாகவே அவள் அதை யோசிக்கவில்லை. அப்படியே ஒப்புக்கொண்டாள்.

கேள்வித்தாள் கசிந்ததா இல்லையா என்று கண்டுபிடிக்க, குழுவின் கண்முன்னே பிள்ளைகளுக்கு மறுதேர்வு வைப்பதென்று முடிவாயிற்று. பாடப்புத்தகத்தின் பயிற்சிகளிலிருந்து பத்துக் கணக்குகளைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்தார்கள். பிள்ளைகள் எழுதிக் கொடுத்தார்கள். அங்கேதான் யாரும் எதிர்பார்க்காத ஒரு நிர்வாகச் சிக்கல் வந்தது. விடைத்தாளைத் திருத்த வேண்டும். ஹெட்மாஸ்டர் வரலாற்று ஆசிரியராக இருந்து பதவி உயர்ந்தவர். இங்கிலீஷ் மிஸ் நான்கு தாளைப் புரட்டிவிட்டுத் தலைவலி என்றார். டிராயிங் மாஸ்டர் மார்ஜின் கோடுகள் நேராக இருப்பதாகக் கருத்துத் தெரிவித்தார். கணக்கு சாருக்கு போன் போட்டார்கள். திருத்துவது உட்கார்ந்து செய்யும் வேலைதான், ஆனால் மருத்துவ விடுப்பில் இருப்பவர் பள்ளி வேலையைத் தொடுவது விதிமீறல், அந்தப் பாவத்தை நான் செய்ய மாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டார்.

வேறு வழியில்லாமல் விடைத்தாள் கட்டையும் சிவப்புப் பேனாவையும் குற்றம் சாட்டப்பட்டவளிடமே கொடுத்தார்கள்.

டிராயிங் மாஸ்டர் கெட்டவர் இல்லை. வராந்தாவில் அவளைத் தனியாகப் பிடித்துத் தணிந்த குரலில் சொன்னார். "ஒரு இருபது பேரை ஃபெயிலாக்கிடும்மா. முதல்ல ஏதோ குருட்டாம்போக்குல பாஸாயிட்டாங்கன்னு எழுதி ஃபைலை மூடிடறோம். உனக்கு வருஷம் முடிஞ்சிடும், பேரும் லிஸ்ட்ல ஏறிடும். எல்லாருக்கும் நல்லது."

அவளுக்கு ஆசை வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய். எட்டு வருடம். வீட்டு மேஜையில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தாள். முதல் தாள் அந்தக் கடைசி பெஞ்சுப் பெண்ணுடையது. ஐந்தாவது கணக்கில் தப்பாக ஒரு வரி எழுதி, அதை அடித்துவிட்டு, கீழே சரியாகப் போட்டு, பக்கத்தில் 'ஏனென்றால்' என்று காரணமும் எழுதியிருந்தாள். அதன்மேல் பெருக்கல் குறி போட இவளுக்குக் கை வரவில்லை. இதற்குப் போட முடியாதபோது அடுத்ததற்கு மட்டும் எப்படிப் போடுவது? நாற்பது பேர் தேறினார்கள். காய்ச்சலோடு வந்து எழுதிய ஒருவன் மட்டும் ஃபெயிலானான். அவனையும் நேர்மையாகவே ஃபெயிலாக்கினாள்.

இந்த விசாரணை ஒன்றரை மாதம் இழுத்தது. அதற்குள் மிச்சமிருந்த பாடத்தையும் அவள் நடத்தி முடித்திருந்தாள். உத்தரவு கவரில் வந்தது.

'மேற்படி தற்காலிக ஆசிரியர் வினாத்தாளைக் கசியவிட்டதாகச் சாட்டப்பட்ட குற்றம் நிரூபிக்கப்படவில்லை. மாறாக, அவர் பாடம் நடத்தியிருப்பது ஐயத்திற்கிடமின்றி நிரூபணமாகிறது. மேலும், ஆண்டு முழுமைக்குமான பாடப்பகுதியை அவர் மூன்று மாதம் முன்னதாகவே முடித்துவிட்டதும் தெரியவருகிறது. பாடம் முடிந்துவிட்டபடியால், பாடம் நடத்த ஆள் தேவைப்படவில்லை. எனவே நிர்வாக நலன் கருதி அவர் இன்று பிற்பகல் முதல் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார். அவரது அர்ப்பணிப்புக்கு இந்த அலுவலகம் பாராட்டுத் தெரிவித்துக்கொள்கிறது.'

அவளுடைய வீட்டுக்காரர் ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்பவர். உத்தரவை இரண்டு தடவை படித்தார்.

"பாடம் நடத்தினதுக்கா வேலையை விட்டு அனுப்பிட்டாங்க?"

"நடத்தி முடிச்சதுக்குங்க."

"நான் ரிப்பேர் பண்ண ஃபிரிட்ஜ் சீக்கிரம் கெட்டுப்போனாத்தான் எனக்கும் பிழைப்பு. ஆனா அதை இப்படி லெட்டர்ல எழுதி, சீல் வச்சு யாரும் குடுத்ததில்ல" என்றார்.

அவள் அழுதாள். அழுது முடித்து, முகம் கழுவிக்கொண்டு, தலைமை அலுவலகத்துக்கு மேல்முறையீடு எழுதினாள். அடுத்த திங்கட்கிழமை கணக்கு சாரின் முழங்கால் குணமாகி, அவர் வேலைக்குத் திரும்பினார். பாடம் எல்லாம் முடிந்திருந்ததால் நாற்காலியில் உட்கார அவருக்குத் தடை ஒன்றும் இருக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து அவள் வீட்டுக் கதவை யாரோ தட்டினார்கள். ஹெட்மாஸ்டரிடம் போய்க் கண்கலங்கிய அதே தாய், பையனோடு நின்றார்.

"நீங்க ட்யூஷன் எடுக்கணும் டீச்சர்."

"நான் சொல்லிக்குடுத்தது பிடிக்கலேன்னுதானே புகார் பண்ணீங்க?"

"ஐயோ, சொல்லிக்குடுத்தது பிடிக்காமலா? ஸ்கூல்ல சொல்லிக்குடுத்தீங்களே, அதுதான் பிடிக்கல. அது எல்லாப் பிள்ளைக்கும் போயிடுது பாருங்க. ட்யூஷன்னா நாலு பேர்கிட்ட சொல்லிக்கவும் நல்லா இருக்கும்."

இரண்டே மாதத்தில் அவள் வீட்டு முன்னறை நிறைந்தது. ரிப்பேருக்கு வந்த ஃபிரிட்ஜுகள் பின்னால் ஒதுங்கின. இங்கிலீஷ் மிஸ்ஸின் மகளும் வந்தாள். அம்மா அவளை வாசலில் விடாமல் தெருமுனையிலேயே இறக்கிவிட்டுப் போய்விடுவார். டெம்பரவரி என்று இப்போது யாரும் கூப்பிடுவதில்லை. மேடம் என்றார்கள். முதல் தடவையாக ஒரு நாற்காலி அவளுக்குச் சொந்தமாக இருந்தது. அதை அவள் விரும்பினாள், ரொம்பவே விரும்பினாள்.

அப்போதுதான் மேல்முறையீட்டுக்குப் பதில் வந்தது. தலைமை அலுவலகத்தில் தொடர்ந்து மூன்று நாள் விசாரணை, நேரில் வரவேண்டும், சாயங்காலம் ஆறு மணி வரை ஆகலாம் என்று இருந்தது. வென்றால் ஆண்டு முழுதும் வேலை பார்த்ததாகக் கணக்காகும், பட்டியலில் பெயர் ஏறும். ஆனால் மூன்று நாள் ட்யூஷனை யார் பார்ப்பது? படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த ஒரு பெண்ணைத் தெரிந்தவர்கள் அனுப்பிவைத்தார்கள். ஒரு மணிநேரம் எடுத்துக்காட்டும்மா என்று சொல்லிவிட்டு, இவள் பின்னால் ஒரு ஃபிரிட்ஜ் ஓரமாக உட்கார்ந்துகொண்டாள்.

அந்தப் பெண் விகிதம் நடத்தினாள். இவள் இரண்டு நாளாகப் போராடிக்கொண்டிருந்த இடத்தை, ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துப் பத்து நிமிடத்தில் தாண்டிப் போனாள். "அட, இவ்வளவுதானா!" என்று ஒரு பையன் கத்தியே விட்டான். எல்லோரும் சிரித்தார்கள். இவளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. பயம்தான், வேறொன்றும் இல்லை.

"அந்தப் பொண்ணு வேண்டாங்க" என்றாள் வீட்டுக்காரரிடம்.

"ஏன், சரியாச் சொல்லிக்குடுக்கலையா?"

"நல்லாத்தான் சொல்லிக்குடுக்குது."

அவர் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார்.

தற்போது ஆள் தேவைப்படவில்லை என்று அந்தப் பெண்ணுக்குத் தகவல் அனுப்பினாள். வேறு யாரையும் தேடவும் மனம் வரவில்லை. விசாரணைக்கு அவள் போகவே இல்லை. ஒரு மாதம் கழித்து இறுதி ஆணை வந்தது. மேல்முறையீட்டாளர் மூன்று நாளும் தம் பணியை விட்டு வர இயலாத நிலையில் இருந்தது விசாரித்ததில் தெரியவருவதாலும், பணியில் இருக்கும் ஒருவர் பணி பறிபோனதாக முறையிட முகாந்திரம் இல்லை என்பதாலும், மனு தள்ளுபடி செய்யப்படுகிறது என்று அதில் இருந்தது. அவள் நின்றபடியே ஒரு தடவை படித்தாள். பிறகு தன் நாற்காலியில் உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தாள். நியாயமாகத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று தோன்றியது.