முதலாளியின் மீன் தொட்டியும் நான் சொன்ன உண்மையும்

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். நீங்களும் மாமாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மாமாவின் முழங்காலும் நலமாக இருக்க வேண்டும் என்று தனியாக வேண்டிக்கொள்கிறேன். இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் நலம். மீன்களும் நலம். நம் வீட்டில் ஏது மீன் என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீங்கள் போன் செய்தபோதெல்லாம் அப்பா "ஒண்ணுமில்லக்கா, கொஞ்சம் வேலை" என்று சொல்லி வைத்துவிட்டார் என்றும், அம்மாவிடம் கேட்டால் "உங்க தம்பியையே கேளுங்க அண்ணி" என்று சொல்லிவிட்டார் என்றும் வருத்தப்பட்டீர்களாமே. அதனால் நடந்ததை நடந்தபடியே, கூட்டாமல் குறைக்காமல், எனக்குக் கெட்ட பெயர் தரும் இடங்களையும் விடாமல் உண்மையாக எழுதப் போகிறேன். முடிவு நல்லபடியாகத்தான் இருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் படிக்கும்போது ரத்தக்கொதிப்பு மாத்திரையைத் தேட வேண்டாம்.

அப்பா வேலை பார்க்கும் ஆலையில் துணிக்குச் சாயம் ஏற்றுகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். ஏற்றியது போக மிஞ்சும் கலர் தண்ணீரை அப்படியே வெளியே விடக் கூடாது. அதைச் சுத்தம் செய்வதற்கென்று ஆலைக்குப் பின்னால் ஒரு சுத்திகரிப்பு நிலையம் கட்டியிருக்கிறார்கள். எல்லாரும் அதை பிளாண்ட் என்றுதான் சொல்வார்கள். போன வருடம் முதலாளி ஏதோ ஒரு கூட்டத்துக்குப் போய், இப்போதெல்லாம் துணி வாங்குகிறவர்கள் விலையை மட்டும் கேட்பதில்லை, காற்று, தண்ணீர், வேலையாட்கள், ஊருக்கு என்ன செய்தீர்கள் என்று எல்லாமே கேட்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு வந்தார். வந்த வேகத்தில் எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் குப்பைத் தொட்டிகள் கொடுத்தார். தொட்டியைவிட அதில் ஒட்டியிருந்த அவர் படம் பெரியது. குப்பை போடும்போது அவர் வாயில் போடுவதுபோல இருந்ததால் முதல் வாரம் யாருமே போடவில்லை. இரண்டாவது வாரம் எல்லாரும் போட்டார்கள். அடுத்து, ஆலைக்கு ஒரு பசுமைப் பொறுப்பாளர் வேண்டும் என்றார். ஸ்டோரில் இருக்கும் அப்பா பழைய தபால் உறைகளைப் பிரித்து, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி ஒட்டி மறுபடி பயன்படுத்துகிறவர். அதைப் பார்த்து அவரையே பொறுப்பாளராக்கிவிட்டார். "ஸ்டோரையும் பாத்துக்கணும், உலகத்தையும் காப்பாத்தணும், சம்பளம் மட்டும் ஒண்ணா?" என்று அம்மா கேட்டார். அப்பாவோ சட்டையில் குத்திக்கொள்ளக் கொடுத்த பச்சை வில்லையை மூன்று தடவை துடைத்து வைத்தார்.

மீன் தொட்டி முதலாளியின் யோசனை. பிளாண்டிலிருந்து வெளியே வரும் தண்ணீரைக் கண்ணாடித் தொட்டியில் ஊற்றி, மீன்களை விட்டு, வாசல் கூடத்தில் வைத்துவிட்டால், தண்ணீர் சுத்தமானது என்பதை வருகிறவர்கள் கண்ணாலேயே பார்த்துக்கொள்வார்கள் அல்லவா? அப்பா தன் கையாலேயே பலகை எழுதினார்: "இது எங்கள் ஆலையில் சுத்திகரிக்கப்பட்ட நீர். சந்தேகம் இருந்தால் மீன்களைக் கேளுங்கள்." மீன்கள் பதில் சொல்லாதே என்று நான் கேட்டதற்கு, "அது ஒரு அழகுக்குச் சொல்றதும்மா, உனக்குப் புரியாது" என்றார். எனக்குப் புரிந்தது. இருந்தாலும் கேட்டேன்.

இந்த நிலையில்தான் ஆலையிடம் அதிகமாகத் துணி வாங்கும் கம்பெனி, எல்லாவற்றையும் நேரில் பார்த்து வர ஓர் ஆய்வாளரை அனுப்பப்போவதாக எழுதியது. அவர் நல்லபடியாக எழுதவில்லை என்றால் ஆர்டர் போய்விடும், ஆலையில் பாதியை மூட வேண்டியதுதான். முதலாளி அப்பாவைக் கூப்பிட்டு, "அந்த மேடம் முகம் சுளிச்சாங்கன்னா மொதல்ல வீட்டுக்குப் போறது நீங்கதான். பொறுப்பாளர்னா பொறுப்பு உங்களுதுதானே?" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அப்பாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. குளியலறையில் பதில்களை ஒப்பித்துக்கொண்டே இருந்தார். அம்மா பாவம் பார்த்து, கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு ஆய்வாளராக நடித்தார். "உங்க ஆலையில கழிவையெல்லாம் என்ன பண்றீங்க?" என்று அம்மா கேட்க, அப்பா நெஞ்சை நிமிர்த்தி, "மேடம், எங்களிடம் கழிவு என்று எதுவுமே கிடையாது" என்றார். "அப்ப அந்த மூலையில நாலு நாளா கிடக்கிற பனியன் யாருது?" என்றார் அம்மா. ஒத்திகை அதோடு முடிந்தது.

ஆய்வாளர் வந்த அன்றைக்கு நான் ஏன் ஆலையில் இருந்தேன் என்றால், விடுமுறைப் பாடமாக, பெற்றோர் வேலை பார்க்கும் இடத்துக்கு ஒரு நாள் போய், கண்டதைக் கட்டுரையாக எழுதச் சொல்லியிருந்தார்கள். வேறு நாள் போகலாம் என்று அப்பா எவ்வளவோ சொன்னார். ஆனால் ஓர் ஆய்வாளரைப் பார்க்கும் வாய்ப்பை நான் எப்படி விடுவேன்? "வாயத் திறக்காம ஒரு ஓரமா உக்காந்திருக்கணும், சரியா?" என்று சத்தியம் வாங்கிக்கொண்டு கூட்டிப்போனார். போனதும் என்னை வாசல் கூடத்தில் உட்காரவைத்துவிட்டு, 'நல்வரவு' என்று எழுதிய துணியை எடுத்துவர ஸ்டோருக்குப் போனார். அவர் அந்தப் பக்கம் போனதும் இந்தப் பக்கம் முதலாளி வந்தார். கூடவே வேன் ஓட்டும் அண்ணன் இரண்டு தோளிலும் தண்ணீர்க் கேன்களோடு வந்தார். அவருக்கு ஆலையில் "நிதானம்" என்று பெயர். எதையும் அவசரப்பட்டுச் செய்து யாரும் பார்த்ததில்லை. தொட்டியில் இருந்த பழைய தண்ணீரைக் குழாய் வைத்து இறக்கிவிட்டு, கேன் தண்ணீரைக் கவிழ்த்தார். "சீக்கிரம்டா, பொறுப்பாளர் வந்துரப்போறாரு" என்றார் முதலாளி. நான் எழுந்து நின்று, "ஐயா, போர்டுல பிளாண்ட் தண்ணின்னு எழுதியிருக்கே?" என்று கேட்டேன். "அது போர்டும்மா, இது தண்ணி. ரெண்டும் வேற வேற" என்றார் முதலாளி. இதை என் கட்டுரைக்காகக் குறித்துக்கொண்டேன்.

பிறகுதான் காரணம் தெரிந்தது. பிளாண்ட் தொடங்கிய முதல் நாள் ஏதோ கோளாறில் தண்ணீர் இளஞ்சிவப்பாக வந்து, சோதனைக்கு விட்ட மீன்களெல்லாம் செத்து மிதந்துவிட்டனவாம். பிளாண்டைச் சரிசெய்துவிட்டார்கள். முதலாளியின் பயத்தைத்தான் யாராலும் சரிசெய்ய முடியவில்லை. தொட்டி வைத்த நாளிலிருந்து அப்பாவுக்குத் தெரியாமல், வாரா வாரம் கடையில் கேன் தண்ணீர் வாங்கிவரச் சொல்லித் தொட்டியை நிரப்பி வந்திருக்கிறார்.

ஆய்வாளர் அம்மா பெரிய காரில் மிரட்டலாக வருவார் என்று நினைத்திருந்தேன். தோளில் ஒரு பையோடு, தேய்ந்த செருப்போடு, ஆட்டோவில் வந்து இறங்கினார். மெதுவாகப் பேசினார். ஆனால் கதவுகளுக்குப் பின்னாலும் எட்டிப் பார்த்தார். வேலை செய்கிற அக்காக்களிடம் கையுறையைக் கழற்றச் சொல்லி விரல்களைப் பார்த்தார். அப்பா ஒப்பித்ததையெல்லாம் மறந்துவிட்டு, கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். அதனால் நன்றாகவே சொன்னார். கடைசியில் எல்லாரும் தொட்டிக்கு முன்னால் வந்து நின்றார்கள். "எங்க பிளாண்ட் தண்ணி, மேடம். சந்தேகம்னா மீன்களைக் கேளுங்க" என்று அப்பா சிரித்த முகமாகச் சொன்னார். அத்தை, அப்பா அதை முழுக்க நம்பித்தான் சொன்னார். ஆய்வாளர் அம்மாவும் சிரித்துவிட்டு, "மீன் எங்கே பேசப்போகுது?" என்று சொல்லி, சட்டென்று என் பக்கம் திரும்பி, "நீ பேசுவியா? இந்தத் தண்ணி எங்கேருந்து வந்துதுன்னு உனக்குத் தெரியுமா?" என்று விளையாட்டாகக் கேட்டார்.

சத்தியம் ஒரு பக்கம், உண்மை ஒரு பக்கம். கேட்ட பிறகு சொல்லாமல் இருந்தால் அது பொய்தானே? "கேன் தண்ணி, மேடம். காலையில நான் பாத்தேன்" என்றேன்.

அப்பாவின் முகம் சாயம் போன துணி மாதிரி ஆகிவிட்டது. அவருக்கே அப்போதுதான் தெரிகிறது என்பது எனக்குத் தெரிந்தது, மற்றவர்களுக்கு எப்படித் தெரியும்? பலகை எழுதியது அவர் கை, வில்லை இருப்பது அவர் சட்டையில். முதலாளி அவசரமாக, "குழந்தை கதைப் புத்தகம் நெறைய படிக்கும் மேடம், எதையாவது கற்பனை பண்ணிக்கும்" என்றார். ஆய்வாளர் அம்மா பையிலிருந்து பேனா மாதிரி ஒரு கருவியை எடுத்துத் தொட்டியில் நனைத்துப் பார்த்தார். "கடையில விக்கிற தண்ணியில இவ்வளவு உப்பு இருக்காதே. இது நிச்சயமா கேன் தண்ணி இல்ல" என்றார்.

"என்னது, இல்லையா?" என்றார் முதலாளி.

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். பொய்யென்று நினைத்துச் சொன்னது உண்மையாகிவிட்டதற்கு இவ்வளவு அதிர்ச்சியான ஒருவரை நான் எந்தக் கதையிலும் படித்ததில்லை. நான் அழுதுகொண்டே, "சத்தியமா நான் பாத்தேன், அந்த அண்ணன்தான் ஊத்துனாரு" என்று சொல்ல, நிதானம் அண்ணன் அதே நிதானத்தோடு முன்னால் வந்தார். "பாப்பாவைத் திட்டாதீங்க. பாப்பா சொல்றதும் சரி, மேடம் சொல்றதும் சரி" என்றார். "கேனு கேன்தான். உள்ள இருக்கிறதுதான் பிளாண்ட் தண்ணி. கடைக்குப் போனா அந்தச் சந்துல வேனைத் திருப்பவே முடியாது ஐயா, கேனு வேற பொணக் கனம் கனக்குது. இங்க பின்னாடியே குழாய் இருக்கு, பக்கத்துலயே மர நிழல் இருக்கு. போர்டுலயும் அப்படித்தானே போட்டிருக்கு, பொருத்தமாத்தானே இருக்கும்னு..." முதலாளி, "எத்தன நாளா?" என்றார். "நீங்க சொன்ன மொத வாரத்துலேருந்தே ஐயா." முதலாளி "நீ உருப்படுவியாடா?" என்று கையை ஓங்கினார். ஓங்கிய கை பாதியில் நின்றது; உயிரோடு நீந்திக்கொண்டிருந்த ஆறு மீன்களையும் ஒருமுறை பார்த்தார்; அந்தக் கையாலேயே அண்ணனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

ஆய்வாளர் அம்மா விடவில்லை. எல்லாரையும் பின்பக்கம் கூட்டிப்போய்க் குழாய்த் தண்ணீரையும் சோதித்தார். அதே அளவு உப்பு. மரத்தடியில் ஒரு மடக்குக் கட்டிலும் தலையணையும் இருந்தன. அண்ணன் சொன்னதற்கு அதுவே சாட்சி. பிறகு முதலாளியிடம், "நல்ல காரியத்தை நெசமாவே செஞ்சிருக்கீங்க. அதை நீங்களே நம்பாம, பொய்யை வெச்சு மூடப் பாத்திருக்கீங்க. தண்ணி பாஸாகலாம், நீங்க பாஸாகலை" என்று அதே மெதுவான குரலில் சொன்னார். குழாய்த் தண்ணீரைப் புட்டிகளில் பிடித்துக்கொண்டு, பரிசோதனை முடிவு வந்ததும் எழுதுவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

பஸ்ஸில் வரும்போது, அப்பாவின் வேலைக்கு நானே உலை வைத்துவிட்டேன் என்று நினைத்து நினைத்து அழுதேன். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான், "நீ பாத்ததைச் சொன்னே. நான்தான் பாக்காததை எழுதி வெச்சுட்டேன்" என்றார். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உன் வாய்க்கு ஒரு பூட்டு வாங்கணும்டி" என்றார். சொல்லிவிட்டுத் தலையையும் தடவிக்கொடுத்தார். அதற்குப் பிறகு வந்த நாட்களில்தான் நீங்கள் போன் செய்துகொண்டே இருந்தீர்கள்.

இன்று முடிவு வந்துவிட்டது அத்தை! தண்ணீர் பாஸ். ஆர்டர் தொடரும். ஆனால் கேன் ஏதும் இல்லாமல் பிளாண்டிலிருந்து தொட்டிக்கு நேராகக் குழாய் போட வேண்டும். பசுமைப் பொறுப்பாளர் தன் கண்ணால் பார்க்காத எதற்கும் கையெழுத்துப் போடக் கூடாது. அதற்கு முதலாளியும் குறுக்கே நிற்கக் கூடாது. இந்த நிபந்தனைகளை எழுதி, பொறுப்பாளராக அப்பாவே நீடிக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார்கள். அப்பா இரண்டு தட்டு சாப்பிட்டார். இத்தனை நாளும் காணாமல் போயிருந்த அவருடைய குறட்டை இன்று மத்தியானம் வீடு திரும்பியது. அதைக் கேட்டு அம்மா சமையலறையில் தனியாகச் சிரித்தார். எனக்கும் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கிவைத்த மாதிரி இருக்கிறது. நாளைக்கு அப்பாவே உங்களைக் கூப்பிடுவார். அப்போது இதெல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்று காட்டிக்கொள்ளாமல், புதிதாகக் கேட்பதுபோல ஆச்சரியப்படுங்கள். மாமாவுக்கு என் வணக்கம். உங்கள் ஆசி எனக்கும், கொஞ்சம் அந்த ஆறு மீன்களுக்கும் வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகள்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும்போது நிதானம் அண்ணன் வாழ்த்துச் சொல்ல வந்தார். பேச்சோடு பேச்சாக அம்மா, "ஆமா, நம்ம வீட்டுக்குக் குடிக்கிற தண்ணிக் கேன் போடுறதும் நீங்கதானே?" என்று கேட்டார். அண்ணன் கூரையைப் பார்த்தார். "எப்பவும் பிளாண்ட் தண்ணி இல்லக்கா. வேன் ரிப்பேரா இருந்த அந்த ஒரு வாரம் மட்டுந்தான்" என்றார். அது நீங்கள் இங்கே வந்து தங்கியிருந்த வாரம் அத்தை. "இந்த வீட்டுத் தண்ணியில என்னமோ ஒரு சத்து இருக்கு, சமையலுக்கு உப்பே தேவைப்படலை" என்று மெச்சி, போகும்போது இரண்டு பாட்டில் பிடித்துக்கொண்டும் போனீர்கள். பரிசோதனை முடிவை உடனே எடுத்து மறுபடி படித்துப் பார்த்தேன். செடிகளுக்கு நல்லது, மீன்களுக்கு நல்லது என்று இருக்கிறது. அத்தைகளைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. உண்மையாக எழுதுவேன் என்று சொன்னதால் இதையும் எழுதிவிட்டேன். இதற்கு மேல் எழுத முடியவில்லை. "அக்காவுக்கு இதை எழுதாதே" என்று சொல்லி அப்பா விளக்குகளை அணைத்துவிட்டார்.