பூட்டிய கதவைத் திறக்க ஏழு வழிகள்

மனித குல வரலாற்றை இரண்டாகப் பிரிக்கலாம். சிறு வணிகர்கள் வலைப்பதிவு எழுதத் தொடங்குவதற்கு முன், தொடங்கிய பின். எங்கள் தெருவில் இரண்டாவது யுகத்தைத் தொடங்கி வைத்தவன் நான் என்பதைத் தன்னடக்கத்துடன் பதிவு செய்கிறேன். தன்னடக்கம் வாசகர்களை ஈர்க்கும் என்று பயிற்சி வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

வகுப்பு மூன்று நாள், இணைய வழியில். முடிவில் 'இணைய வணிக வளர்ச்சி ஆலோசகர்' என்று சான்றிதழ் அனுப்பினார்கள். அதைச் சட்டம் போட்டு அக்கா வீட்டுக் கூடத்தில் மாட்டினேன். அந்தச் சுவரில் ஆணி ஒன்றுதான் என்பதால் கடிகாரத்தை இறக்க வேண்டி வந்தது. நான் அக்கா வீட்டில் 'தற்காலிகமாக' தங்கியிருந்தேன். நாலாவது வருடம்.

வீடு மாடியில். கீழே அக்காள் கணவரின் சாவிக் கடை. ஆறடிக்கு நாலடி அறை, இரண்டு அரம், சாவி தேய்க்கும் இயந்திரம் ஒன்று, சுவர் முழுக்க ஆணிகளில் தொங்கும் வெட்டாத சாவிகள். மச்சான் அதிகம் பேச மாட்டார். பூட்டைக் காதருகே வைத்து ஒருமுறை ஆட்டுவார், அதற்கு என்ன வியாதி என்று தெரிந்துவிடும்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. யாராவது வந்து, "வீட்டுச் சாவி தொலைஞ்சு போச்சு, வந்து திறந்து விடுங்க" என்றால் உடனே கை வைக்க மாட்டார். அக்கம்பக்கத்தில் இரண்டு பேர் வந்து, "ஆமா, இவர் இந்த வீட்டுக்காரர்தான்" என்று சொல்ல வேண்டும். ஒருமுறை எங்கள் அம்மா சாவியைத் தொலைத்துவிட்டு நின்றபோது, சொந்த மாமியார் என்றும் பாராமல் அவளிடமே இரண்டு சாட்சி கேட்டவர்.

இப்படிப்பட்ட கடைக்கு ஆபத்து வந்தது. புதிதாகக் கட்டும் வீடுகளில் எல்லாம் விரல் வைத்தால் திறக்கும் பூட்டு. கடைக்கு ஆள் வருவது குறைந்தது. கட்டடத்தின் சொந்தக்காரர் வந்து அறையை அளந்துவிட்டு, பழச்சாறு கடைக்கு வாடகைக்குக் கேட்கிறார்கள் என்றார். அன்று அக்கா என்னைக் கூப்பிட்டாள்.

"மூணு மாசம் கேட்டு வாங்கியிருக்கோம். நீ படிச்ச படிப்பு என்னமோ, அத வச்சு கடைக்கு ஆள் வர வை. வந்தா நீ மேல உக்காந்து சாப்பிடு. வரலேன்னா கடையும் போகும், நீயும் போ."

என் திறமையின் மீது அவளுக்கு இருந்த நம்பிக்கை என்னை நெகிழ வைத்தது.

மறுநாளே முதல் 'வியூகக் கூட்டம்'. கடையில் நாற்காலி ஒன்றுதான். ஆலோசகர் அமர்ந்தார். நிறுவனர் நின்றார்.

"மச்சான், உங்க வாடிக்கையாளர் யாரு?"

"சாவியத் தொலைச்சவங்க."

"அப்படிப் பொதுவா சொல்லக் கூடாது. அவங்க வயசு, ஆசை, கனவு எல்லாம் வேணும்."

அவர் அரத்தைக் கீழே வைத்து யோசித்தார். "கதவு திறக்கணும், அதான் அவங்க கனவு மாப்ள."

"அப்புறம் இந்த ரெண்டு சாட்சி. வர்றவங்களுக்கு அது தொந்தரவு. எடுத்துடலாம்."

"அது மட்டும் முடியாது."

கூட்ட அறிக்கையில் இதை 'வளர்ச்சிக்கு எதிரான மனநிலை' என்று குறித்துக்கொண்டேன்.

முதல் பதிவு, 'நானும் சாவியும்: ஒரு பயணம்'. மூன்று பேர் படித்தார்கள். ஒன்று நான். இரண்டு அக்கா. மூன்றாவதும் நான், பிழை திருத்துவதற்காக. அடுத்து வந்தது 'துரு நமக்குக் கற்றுத்தரும் பொறுமை'. அதை அக்காவும் படிக்கவில்லை.

அப்போதுதான் வகுப்பின் தங்க விதி நினைவுக்கு வந்தது. 'உங்கள் தொழில் ரகசியத்தை இலவசமாக அள்ளிக் கொடுங்கள். மக்கள் உங்களைத் தேடி வருவார்கள்.' மச்சான் பூட்டுத் திறப்பதைப் பக்கத்தில் நின்று படம் பிடித்தேன். ஒவ்வொரு கம்பிக்கும் என்ன வேலை என்று துருவித் துருவிக் கேட்டேன்.

"இதெல்லாம் வெளியில சொல்றதில்ல மாப்ள."

"வெளியில எங்க மச்சான் சொல்றோம்? இணையத்துல தான."

மனைவியின் தம்பியிடம் எவ்வளவுதான் மறுத்துப் பேச முடியும்? சொல்லிவிட்டார். 'பூட்டிய கதவைத் திறக்க ஏழு வழிகள்' வெளியானது.

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. ஒரே வாரத்தில் இரண்டாயிரத்து நானூறு பேர் மின்னஞ்சல் முகவரி கொடுத்துச் சந்தாதாரர் ஆனார்கள். வெறும் எண்ணிக்கை பெரிதல்ல, வாசகர்களின் தரத்தைச் சொல்ல வேண்டும். ஒவ்வொருவரும் அத்தனை ஊன்றிப் படித்திருந்தார்கள்.

'மிகவும் பயனுள்ள பதிவு. மூன்றாவது வழியைச் சத்தமில்லாமல் செய்ய முடியுமா?' என்று ஒருவர். 'கையுறை போட்டுக்கொண்டால் ஐந்தாவது வழி சரிவருமா?' என்று இன்னொருவர். 'நாய் உள்ள வீடுகளைப் பற்றியும் எழுதவும்' என்றார் பெயர் வெளியிட விரும்பாத ஒருவர். விலங்குகள் மீது இவ்வளவு அக்கறை உள்ள வாசகர் யாருக்குக் கிடைப்பார்? எல்லோருக்கும் 'அன்புத் தோழரே' என்று தொடங்கி விரிவாகப் பதில் எழுதினேன்.

பெரும்பாலோர் காலை பதினொன்றிலிருந்து ஒன்றுக்குள் படித்தார்கள். தெருவெல்லாம் வேலைக்குப் போயிருக்கும் நேரம். ஆகவே இவர்கள் அலுவலக இடைவேளையில் அறிவை வளர்த்துக்கொள்பவர்கள் என்று முடிவு செய்தேன். இணையத்தில் ஒரு 'வாசகர் சந்திப்பு' நடத்தினேன். முப்பத்தொரு பேர் வந்தார்கள். ஒருவர்கூடத் தன் முகத்தைக் காட்டவில்லை. தன்னடக்கத்தில் எனக்கே பாடம் எடுத்தார்கள்.

"இத்தன பேரு படிக்கிறாங்கன்ற. கடைக்கு ஒருத்தனையும் காணோமே?" என்றாள் அக்கா.

"முதல்ல நம்பிக்கை வரணும்க்கா. அப்புறம்தான் வருவாங்க."

வந்தார்கள். ஆனால் எங்கள் கடைக்கு அல்ல. எதிர் வீட்டுத் தையல்காரம்மா துணி கொடுத்துவிட்டுத் திரும்புவதற்குள் அவருடைய தையல் இயந்திரம் போயிருந்தது. இரண்டு நாள் கழித்து மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் சாப்பிடப் போன நேரத்தில் நாற்பது கண்ணாடிச் சட்டங்கள் போயின. இரண்டு இடத்திலும் பூட்டு உடையவில்லை, கீறல்கூட இல்லை. அன்று மாலை வலைப்பதிவில் ஒரு பாராட்டு வந்தது. 'நாலாவது வழி. எழுதியிருந்தபடியே இரண்டு நிமிடம். நன்றி. ஐந்து நட்சத்திரம்.'

கண் கலங்கிவிட்டது. ஓடிப் போய் அக்காவிடம் படித்துக் காட்டினேன். அவள் கரண்டியை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"திருடன் கையில சாவியக் குடுத்திருக்கியேடா."

"சாவி இல்லாமத் திறக்கிறதுதான்க்கா அந்தப் பதிவே."

மறுநாள் காவல்துறை அதிகாரி ஒருவர் கடைக்கு வந்தார். கைப்பேசியில் என் பதிவைத் திறந்தே வைத்திருந்தார். கடைசிவரை படித்திருந்தது தெரிந்தது.

"இது யாரு எழுதினது?"

மச்சான் வாயைத் திறக்குமுன் என் முகவரி அட்டையை நீட்டினேன். "நான்தான் சார். உங்களுக்கும் சந்தா வேணுமா?"

"எனக்கு வேணாம். சந்தா கட்டினவங்க பட்டியல் வேணும்."

கொடுத்தேன். வகுப்பில் சொல்வார்கள், 'சந்தாதாரர் பட்டியலே உங்கள் உண்மையான சொத்து' என்று. அதன் அருமையை அந்த அதிகாரி அளவுக்குப் புரிந்துகொண்டவரை நான் பார்த்ததில்லை. ஒரு வாரத்தில் என் வாசகர்களில் பதினாறு பேரை அவர் நேரில் சந்தித்துவிட்டார். எனக்குக் கிடைக்காத பாக்கியம். தையல் இயந்திரம் ஊசி மட்டும் இல்லாமல் திரும்பி வந்தது. கண்ணாடிச் சட்டங்களில் முப்பத்தெட்டு வந்தன. மீதி இரண்டை யாரோ போட்டுக்கொண்டிருக்கிறார்கள் போலும். பதிவை நீக்கச் சொன்னார்கள், நீக்கினேன்.

இனிதான் வெற்றிக் கதை. பயந்துபோன தெரு முழுவதும் பூட்டு மாற்ற ஓடி வந்தது. விரல் வைத்தால் திறக்கும் பூட்டுக்காரர்களும் அதற்கு மேலே ஒரு பழைய பூட்டு கேட்டு நின்றார்கள். வரிசை தெருமுனை வரை நீண்டது. மச்சான், ஏழு வழிக்கும் அசையாத ஒரு பூட்டைத் தானே செய்து, ஒவ்வொரு வீட்டிலும் போய் மாட்டினார். கட்டடச் சொந்தக்காரர்கூட இரண்டு வாங்கிக்கொண்டு, பழச்சாறு கடைப் பேச்சையே விட்டுவிட்டார். மூன்று மாதத்தில் கடைக்கு ஆள் வந்தார்களா? வந்தார்கள். யாரால்? கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு?

இந்தச் சாதனையை 'பயம்: சிறந்த விளம்பர உத்தி' என்ற தலைப்பில் பக்கத்துத் தெரு வணிகர்களுக்கு உரையாக ஆற்றிவிட்டு, மதியம் பசியோடு திரும்பினேன். மாடிப்படிக் கதவில் புதுப் பூட்டு தொங்கியது. என் பை வெளியே இருந்தது. அதன்மேல் சட்டம் போட்ட சான்றிதழ். உள்ளே கடிகாரம் பழைய இடத்தில் ஓடும் சத்தம் கேட்டது. அப்போதும் எனக்குப் புரியவில்லை. அக்கா மறந்துவிட்டாள் என்றே நினைத்தேன்.

கீழே இறங்கினேன். "மச்சான், மேல பூட்டியிருக்கு. வந்து திறந்து விடுங்க."

அவர் அரத்தைக் கீழே வைக்கவில்லை. "ரெண்டு பேரு வந்து சொல்லட்டும் மாப்ள."

எனக்குச் சிரிப்பு வந்தது. இந்தத் தெருவில் என்னைத் தெரியாதவர் யார்? தையல்காரம்மாவையும் மூக்குக் கண்ணாடிக் கடைக்காரரையும் நானே போய் அழைத்து வந்தேன்.

தையல்காரம்மா என்னைத் தலை முதல் கால் வரை நிதானமாகப் பார்த்தார். "இவரா? பாத்த மாதிரி இல்லையே."

மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டி, கிட்டே வந்து இன்னொரு தரம் பார்த்தார்.

"இந்த வீட்டுக்காரர் இல்லைங்க," என்றார் மச்சானிடம். "ஆனா ஆளைப் பிடிச்சு வைங்க. சந்தாதாரர் பட்டியல்ல ஒருத்தன் விட்டுப் போயிட்டான்னு அதிகாரி தேடிட்டிருந்தாரு."