எழுதாத பேனாவைத் திருப்பி அனுப்புவது குறித்து

சதுரங்கப்பட்டினம்,
1-10-2009

அன்பும் பண்பும் நிறைந்த மாப்பிள்ளை ஹரிகிருஷ்ணன் அவர்களுக்கு, மாமனார் திருநாவுக்கரசு ஆசீர்வாதங்களுடன் எழுதிக்கொள்வது. இங்கு என்னைத் தவிர எல்லோரும் சௌக்கியம். நாவலூரில் தாங்களும் சாருலதாவும் சௌக்கியம் என்று நம்புகிறேன். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம், ஆனால் தொலைபேசி கூடத்தில் இருக்கிறது, கூடத்தில் உங்கள் அத்தை பார்வதம் இருக்கிறாள், ஆகவே கடிதம்.

கம்பெனி வேலையாக வெளிநாடு போனபோது எனக்கு வாங்கி வந்தீர்களே, எலெக்ட்ரானிக் சிகரெட், அதைப் பற்றித்தான். முப்பத்தைந்து வருஷம் ஸ்டோர்ஸ் கீப்பராக இருந்து ஊதித் தள்ளியதைப் பதினைந்தே நாளில் அது நிறுத்திவிட்டது, மறுக்கவில்லை. ஆனால் ரிட்டயர் ஆனவன் சிகரெட்டை விடுவதற்கு ஸ்ட்ராபெர்ரி வாசனை எதற்கு மாப்பிள்ளை? வீட்டில் பத்தாவது படிக்கிற இளைய மகள் இருக்கிறாள். ஹம்சினிக்குக் கணக்குப் போடும்போது கையில் கிடைக்கும் பேனாவையெல்லாம் கடிக்கிற வழக்கம் வேறு. இந்தச் சனியனோ அச்சு அசல் கருப்புப் பேனா. என் கைக்கு எட்ட வேண்டும், அவள் கைக்கு எட்டக் கூடாது; இந்தச் சின்ன வீட்டில் அப்படி ஒரு இடத்துக்கு எங்கே போவேன்? அரிசி டப்பாவில் வைத்தேன், பார்வதம் அரிசியோடு அளந்து எடுக்க இருந்தாள். பீரோ மேல் வைத்தேன், ஏறியதில் இடுப்பு பிடித்துக்கொண்டது. பார்வதத்திடம் உண்மையைச் சொல்லவும் வழியில்லை. நான் மனவுறுதியால் விட்டேன் என்று நம்பி, திருக்கழுக்குன்றம் மலையேறித் தேங்காய் உடைத்து, தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. கடைசியில், பேனாக்களோடு பேனாவாக இருக்கட்டும் என்று மேஜைமேல் பேனா ஸ்டாண்டில் செருகினேன்.

ஞாயிற்றுக்கிழமை சரஸ்வதி பூஜை. குளித்துவிட்டு வந்து பார்த்தால் பேனா ஸ்டாண்டோடு எல்லாம் சாமி முன்னால். நடுநாயகமாக அது, சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு. மறுநாள் காலை வரை எடுக்கக் கூடாது. பத்து மணிக்கு நகம் கடித்தேன். பதினொன்றுக்கு வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தேன். “இன்னாங்க, சாமி ரூமையே சுத்திகினு கீறீங்க?” என்றாள் பார்வதம். பக்தி என்றேன். “இவ்ளோ பக்தி ஒடம்புக்கு ஆவாது” என்று சுண்டலைக் கையில் திணித்தாள். சாயங்காலம் மானத்தை விட்டு, கோட்டைப் பக்கம் கண்ணாயிரம் பெட்டிக்கடைக்குப் போய் ஒரே ஒரு விரலைக் காட்டினேன். பதினெட்டு வயதுக்குக் கீழ் விற்பதில்லை என்ற பலகையை மாட்டச் சொல்லி அவனிடம் சண்டை போட்டவனே நான்தான். பலகையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். “அண்ணாத்த, பதினெட்டுக்குக் கீழ கீறவனுக்கும் கெடையாது, உனுக்கும் கெடையாது. அண்ணி சொல்லிட்டுப் பூட்டாங்க. எலந்தவடை வாங்கிகினு வூட்டுக்குப் போ” என்றான். வாங்கிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் விஜயதசமி. நான் பல் துலக்குவதற்குள் பார்வதம் பூஜையை முடித்து, இருப்பதிலேயே கனமான பேனாவாகப் பார்த்து ஹம்சினியிடம் கொடுத்து, “கணக்குல நூறு வாங்கணும், எழுதுடி” என்கிறாள். குழந்தை நோட்டில் கிறுக்கிப் பார்த்தது. எழுதவில்லை. யோசித்தபடி வாய்ப்பக்கம் கொண்டுபோனது. மாப்பிள்ளை, எனக்கு உயிரே போய்விட்டது. “ரீஃபில் தீந்துபோச்சு!” என்று கத்திக்கொண்டே பாய்ந்து பிடுங்கினேன். பாய்ந்ததில் குத்துவிளக்கு சாய்ந்து, வேட்டி பொசுங்கி, பார்வதம் ஒரு குடம் தண்ணீரை என் தலையில் கொட்டினாள். ஒரு பேனாவுக்கா இந்தக் கூத்து என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஹம்சினி ஒன்றும் தெரியாமல் முழித்துக்கொண்டு நின்றது. அந்த முகத்தைப் பார்த்ததும் முடிவு செய்துவிட்டேன். என் நுரையீரல் எக்கேடு கெட்டாலும் கெடட்டும், அவள் வாயில் அது படக் கூடாது. இந்த உறையில் வைத்துத் திருப்பி அனுப்புகிறேன். அன்றிலிருந்து நான் அதையும் தொடவில்லை, வேறெதையும் தொடவில்லை. தபால் ஆபீஸ் போகிற வழியில் மூன்று பெட்டிக்கடை இருப்பதால், பழுதான பேனா என்று சொல்லி ஹம்சினியிடமே உறையைக் கொடுத்தனுப்புகிறேன்.

தங்களுக்கும் சாருலதாவுக்கும் சகல மங்களமும் உண்டாகட்டும். அடுத்த முறை வெளிநாடு போனால் எனக்கு இரண்டு பனியன் போதும்.

இங்ஙனம்,
மாமனார் ப. திருநாவுக்கரசு

பி.கு.: மாமா, நான் ஹம்சினி. கவர ஒட்டறதுக்கு முன்னாடி படிச்சிட்டேன், சாரி. உள்ள இருக்கிறது நெஜமாவே ரீஃபில் தீந்த பேனா. அந்த சிகரெட் பேனாவ நான் எடுத்து வெச்சுக்கினேன். அது இன்னான்னு மொத நாளே தெரியும், டப்பா மேலயே எழுதியிருந்துச்சு. ஒரு நாளு அது இல்லாம அப்பாவால இருக்க முடியுதான்னு பாக்க நான்தான் பூஜைல வெச்சேன். முடியல. நேத்து புதுப்பட்டினம் வரைக்கும் சைக்கிள்ல போயிட்டு வந்தாரு, சட்டையில பழைய சிகரெட் வாசன. இருமலும் வந்துடுச்சு. அதனால அத என் ஜாமென்ட்ரி பாக்ஸ்ல வெச்சிருக்கேன். காலைல ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ அப்பாவுக்கு நானே குடுக்கப் போறேன். அம்மாக்குத் தெரியாது. நான் இன்னும் வாயில வெச்சுப் பாக்கல மாமா. ஆனா பாக்ஸத் தொறக்கறப்போல்லாம் ஆசையா இருக்கு. அப்பாவ சீக்கிரம் விட வையுங்க.